ஏட்டில் ஏறாத பெயர்கள்: வடிவமைப்பு மாணவி ஒருவரின் பாடநெறி ஆக்கங்கள் பற்றி ஒரு நோக்கு

திறனாய்வு என்றதும் கவிதை, நாவல், சிறுகதை, நாடகம் ஆகியவற்றையே மனங்கொள்வது நமது வழக்கம். கலைப்பீட மாணவரின் கண் நூலை விட்டு அகல்வது அரிது. ஆயின் மனிதன் ஆக்கிய எப்பொருளும், அது கிண்ணமாயினும் விளக்காயினும், ஒரு சிந்தனையின் வெளிப்பாடே. அதற்கும் ஆக்கியோர் உளர், பயன்கொள்வோர் உளர், காலமும் இடமும் உள. எனவே அதுவும் திறனாய்வுக்கு உரியதாகின்றது. இவ்வடிப்படையில், உடுப்பிட்டியைச் சேர்ந்த பொருள் வடிவமைப்பு மாணவி ஒருவர் தமது பட்டப்படிப்பின்போது செய்தளித்த மூன்று ஆக்கங்களையும், அவை உருவாகிய முறையையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அம்மாணவி இக்கட்டுரையாளருடன் ஒரே பாடசாலையிற் பயின்றவர். சென்ற விடுமுறையின்போது அவர் இரு ஏடுகளைப் பார்வைக்குத் தந்தார். ஒன்று, புள்ளியிடலுக்காக ஒப்படைக்கப்பட்ட செயன்முறை ஏடு. வழுவழுப்பான தாளில், அளவறிந்து இடப்பட்ட வரைபடங்களுடனும் ஒளிப்படங்களுடனும் அமைந்தது. மற்றையது, அவ்வேலைகள் நடைபெற்ற காலத்தில் அவர் கையிலேயே வைத்திருந்த சீ.ஆர். கொப்பி. அடித்தல் திருத்தல்களும், எண்ணெய்க் கறையும், அவசரத்திற் கிறுக்கிய குறிப்புகளும் நிறைந்தது. ஒரே வேலைக்கு இரு பாடங்கள் கிடைத்திருக்கின்றன. சுவடிகளை ஒப்புநோக்கப் பயின்ற தமிழ் மாணவர்க்கு இது பழகிய நிலைமையே. இவ்விரு பாடங்களையும் அருகருகே வைத்து நோக்குமிடத்து எழும் வினா ஒன்றே: கொப்பியில் உள்ளவற்றுள் எவை ஏட்டில் ஏறவில்லை? ஏன் ஏறவில்லை?

வடிவமைப்புக் கல்வியின் வரலாற்றை ஈண்டுச் சுருங்க நோக்குதல் பொருத்தமானது. 1919ஆம் ஆண்டில் ஜேர்மனியின் வைமர் நகரில் வால்ரர் குறோப்பியஸ் தொடங்கிய பௌஹவுஸ் கல்விக்கூடம், பட்டறையையும் வகுப்பறையையும் ஒருங்கிணைக்க முயன்றது. 1953இல் நிறுவப்பட்ட உல்ம் கல்விக்கூடம் வடிவமைப்பினை அறிவியல் முறைப்பட்ட செயலாக வளர்க்க முற்பட்டது. கண்டறிதல், வரையறுத்தல், வளர்த்தெடுத்தல், வழங்குதல் என்னும் நான்கு படிநிலைகளைக் கொண்ட 'இரட்டை வைரம்' என்னும் வரைபடத்தைப் பிரித்தானிய வடிவமைப்புச் சபை 2004ஆம் ஆண்டில் முன்வைத்தது. இன்று பல நாடுகளின் மாணவர் ஏடுகளில் இவ்வரைபடத்தின் சாயலைக் காணலாம். நமது மாணவியின் ஏடும் இந்நான்கு படிகளிலேயே ஒழுங்கமைந்துள்ளது. படிமுறை வேண்டாததென்று எவரும் கூறார். ஆனால், நிகழ்ந்தவற்றை விளக்கவேண்டிய படிமுறை, நிகழ்ந்தவற்றை மறைக்கும் திரையாகவும் அமைந்துவிடலாம் என்பது மனங்கொளத்தக்கது.

முதலாவது ஆக்கம் திருவலை. முழங்கால் நோவுள்ள முதியோர் நிலத்தில் இராது தேங்காய் துருவுதற்கு வழி காண்பதே அவர் எடுத்துக்கொண்ட பிரச்சினை. மேசை விளிம்பிற் பூட்டிக் கைபிடியைச் சுழற்றும் திருவலைகள் கடைகளில் உண்டு. அவற்றுக்கு உறுதியான மேசை வேண்டும். ஒரு கை தேங்காய்ப் பாதியை அழுத்திப் பிடிக்க, மறு கை ஓயாது சுற்றவேண்டும். இது மூட்டுவாதம் உள்ளவர்க்கு எளிதன்று. ஆதலால் மாணவி பழைய திருவலைப் பலகைக்கு நான்கு கால்களைப் பூட்டி, கதிரையில் இருப்பவரின் கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு மாதிரியைச் செய்தார். துருவத் தொடங்கியதும் அது ஆடிற்று. அவ்வேளை அவருடைய அம்மம்மா கூறியதைக் கொப்பி அவ்வாறே பதிவு செய்துள்ளது: "பிள்ளை, பலகையிலை ஆள் இருக்கிறதாலைதான் அது அசையாமல் நிக்குது. ஆளை எழுப்பிப்போட்டால் ஆர் அதைப் பிடிக்கிறது?"

இக்கூற்றில் ஒரு முழுமையான பொறியியற் கருத்து அடங்கியுள்ளது. பழைய திருவலையில் இருப்பவரின் உடற்பாரமே பூட்டாகத் தொழிற்படுகின்றது. இரு கைகளும் விடுபடுகின்றன. ஆணியும் வேண்டியதில்லை, மேசையும் வேண்டியதில்லை. மாணவி இதனை உணர்ந்து தமது வடிவத்தை முற்றாக மாற்றினார். கைகளற்ற சாதாரணக் கதிரையின்மேல் நீளவாக்கில் வைக்கத்தக்க பலகை. அதன்மேல் ஆள் இருக்க, முன்னே நீண்ட நுனியில் அலகு. கீழே ஒரு முக்காலியில் தட்டு. உயரம் மாறியது, பாரம் பூட்டாகும் தத்துவம் மாறவில்லை. இது பாராட்டத்தக்க தீர்வு என்பதில் ஐயமில்லை.

ஆயின் ஒப்படைத்த ஏட்டில் ஆடிய மாதிரிக்கு இடமில்லை. அம்மம்மாவின் கூற்றும் இல்லை. 'வளர்த்தெடுத்தல்' என்ற தலைப்பின்கீழ், 'உடற்பாரத்தை நிலைநிறுத்தும் விசையாகப் பயன்படுத்தல்' என்னும் கருத்துரு மாணவியின் சிந்தனையில் நேரே உதித்ததுபோல் நிற்கின்றது. அம்மம்மா 'பயனர்' என்ற பெயரில், நோவை மட்டும் உடையவராக முதற்படியில் வந்து மறைகின்றார். அறிவு உடையவராக அவர் எங்கும் தோன்றவில்லை.

இரண்டாவது ஆக்கம் ஒரு மேசை விளக்கு. பிரதேச நினைவில் நிலைத்த பொருளொன்றினை மீளாக்கம் செய்க என்பது பயிற்சி. மாணவி ஜாம் போத்தல் விளக்கினைத் தேர்ந்தார். 1990ஆம் ஆண்டு யூன் மாதத்திற் போர் மீண்டும் தொடங்கியதன்பின் யாழ்ப்பாணக் குடாநாடு பொருளாதாரத் தடைக்கு உட்பட்டது. மின்சாரம் அற்றுப்போயிற்று. பெற்றோலும் மின்கலமும் தடைப்பட்டன, மண்ணெண்ணெய் அருமையாயிற்று. அக்காலத்தில் மக்கள் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துச் சில்லைச் சுற்றி, டைனமோவின் வலுவில் வானொலி கேட்டனர். மோட்டார் சைக்கிள்களை மண்ணெண்ணெயில் ஓட்டினர். அவ்வரிசையில் வந்ததே ஜாம் போத்தல் விளக்கு. மாணவியின் தாயார் சொன்ன விவரம் கொப்பியில் உண்டு: போத்தலின் அடியிற் சிறிது பஞ்சு, அது ஊறுமளவு மாத்திரம் மண்ணெண்ணெய், கம்பியிற் பிடித்த சிறு திரி. சுவாலை போத்தலினுள்ளே நிற்பதால் காற்றுக்கு அணையாது. எண்ணெய் பஞ்சில் ஊறி நிற்பதால் தட்டுண்டாலும் எளிதிற் சிந்தாது. திரி பிடிக்கும் முறை வீட்டுக்கு வீடு வேறுபட்டது என்றும் தாயார் கூறியுள்ளார். நூலுக்குப் பாடபேதம் இருப்பதுபோல விளக்குக்கும் பாடபேதம் இருந்திருக்கின்றது.

இறுதியில் உருவாகிய பொருளோ, ஜாம் போத்தலின் வடிவிற் கண்ணாடி ஊதி, உள்ளே மின்குமிழ் பொருத்திய அலங்கார விளக்கு. விடுதி அறைகளுக்கு உகந்ததென ஏடு கூறுகின்றது. அதன் செய்நேர்த்தி குறைகூற இயலாதது. நினைவும் ஒரு பயன்பாடே என்று மாணவி வாதிடுவதிலும் நியாயமுண்டு. ஆனால் இத்தனை துளி எண்ணெயில் ஒரு பிள்ளை எத்தனை பக்கம் படிக்கலாம் என்ற வினாவுக்கு விடையாகவே அப்போத்தல் விளக்கானது. வினாவை நீக்கி விடையின் தோற்றத்தை மாத்திரம் எடுத்துக்கொள்வோமாயின் எஞ்சுவது அணிகலனே. இன்றைய அருமை எது, இன்று எதனைச் சிக்கனப்படுத்தவேண்டும் என்ற வினாவினைத் தொடுத்திருந்தால், இவ்வாக்கம் முற்றிலும் வேறான பொருளொன்றினைத் தந்திருக்கக்கூடும்.

மூன்றாவதாகிய இறுதியாண்டு ஆக்கம் மடிக்கணினி வைப்பதற்கான பனையோலைப் பை. பனை நமக்குப் புதியதன்று. கடகம், பெட்டி, சுளகு, நீத்துப்பெட்டி, உமல், பாய் எனப் பனையோலை புகாத வீடு ஒருகாலத்தில் இருந்ததில்லை. பிளாஸ்ரிக்கின் வருகையோடு இவை அருகின. பனை வளத்தைப் பேணும் பொருட்டு 1978ஆம் ஆண்டிற் பனை அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. இப்பின்னணியில் மாணவி வடமராட்சியில் ஓலை பின்னும் பெண் ஒருவரிடம் பல வாரங்கள் சென்று வந்தார். கொப்பியில் இவ்வாறு குறிப்புகள் காணப்படுகின்றன: முற்றிய ஓலை உதவாது, குருத்தோலையே வளையும்; உலர்ந்த ஓலையைச் சற்று ஈரப்படுத்திய பின்னரே பின்னவேண்டும்; கூரிய மூலையில் ஓலை வெடிக்கும், ஆதலால் மூலையை வளைவாக எடுத்து இரட்டை ஓலை கொடுத்து விளிம்பை நாரினாற் பொத்தவேண்டும். மூலை பற்றிய இக்கடைசி அறிவுரையே அப்பையின் வடிவத்தைத் தீர்மானித்தது. ஏட்டில் இது 'மூலப்பொருட் பரிசோதனையின் முடிவு' என ஒரு வரியில் நிற்கின்றது. அப்பெண், 'உள்ளூர்க் கைவினைஞர்' என்ற இரு சொற்களாகச் சுருங்கிவிடுகின்றார்.

இஃது ஒரு மாணவியின் தனிப்பட்ட குறையன்று. நமது சமுதாயத்தின் நீண்டகாலப் பழக்கம் இதில் பிரதிபலிக்கின்றது. யாழ்ப்பாணச் சமூக அமைப்பில் கையால் ஆக்கும் தொழில்கள் பெரும்பாலும் சாதியோடும், வீட்டுக்குள் நடைபெறுவன பெண்களோடும் பிணைக்கப்பட்டிருந்தன. அவை தொழிலெனக் கருதப்பட்டனவேயன்றி அறிவெனக் கருதப்படவில்லை. சிவசம்புப் புலவரைத் தந்த ஊரென உடுப்பிட்டியை நாம் பெருமையோடு குறிப்பிடுகின்றோம், அது தகும். ஆனால் அவ்வூரின் திருவலையைச் செதுக்கியோர், பெட்டி இழைத்தோர் ஆகியோருள் ஒருவரின் பெயரையேனும் நாம் அறியோம். அயலூராகிய வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. அதனை வாங்கிய வில்லியம் றொபின்சன் தம் மனைவியின் பெயரை அதற்குச் சூட்டினார். வாங்கியவரின் பெயர் பரவலாகத் தெரிந்த அளவுக்குக் கட்டியவர்களின் பெயர்கள் தெரியவில்லை என்பது சிந்திக்கத்தக்கது.

வடிவமைப்புத் துறையிலேயே இதற்கு மாற்றான போக்கும் உண்டு. இந்திய அரசின் அழைப்பின்பேரில் சாள்ஸ் ஈம்ஸ், றே ஈம்ஸ் தம்பதியர் 1958ஆம் ஆண்டில் அளித்த அறிக்கை, சாதாரண செம்பினையே வடிவமைப்பின் சிறந்த எடுத்துக்காட்டாகக் கொண்டது. அது தனியொருவரால் ஆக்கப்பட்டதன்று, பல தலைமுறையினரின் கைகளிலே திருந்தியது என்பது அவர்கள் கருத்து. அவ்வறிக்கையின் விளைவாக 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றியது. அந்நிறுவனத்தின் ஆசிரியரும் சென்னையைச் சேர்ந்தவருமான எம். பி. றஞ்சன், வடகிழக்கு இந்தியாவின் மூங்கில், பிரம்புக் கைப்பணிகள் பற்றிய விரிவான நூலை 1986ஆம் ஆண்டில் இரு துணையாசிரியர்களுடன் வெளியிட்டார். கூடையொன்றின் பின்னலை, கட்டிடமொன்றின் அமைப்பினை ஆராய்வதுபோல ஆராயலாம் என்பதை அது காட்டிற்று.

எனினும் நாம் அகமதாபாத்வரை செல்லவேண்டியதில்லை. நமது பதிப்பு மரபே போதிய வழிகாட்டியாகும். 1887ஆம் ஆண்டில் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையையும், உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியையும் பதிப்பித்தனர். சுவடிகள் சிதைந்திருந்த நிலையை முன்னவர் தமது பதிப்புரையில் மறைக்காது எழுதினார். சுவடி தந்து உதவியவர்களைப் பின்னவர் தமது பதிப்பு முகவுரைகளில் நன்றியோடு குறித்தார். வேறுபட்ட பாடங்களையும் காட்டினார். அதனால் அவர்களது புகழ் குறைந்ததா? மாறாக, இன்ன சொல் எங்கிருந்து வந்தது என அறிய முடிவதனாலேயே பின்வந்தோர் அவர்களை நம்பினர். அவர்கள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தனர். அச்சுவடிகளும் பனையோலையே என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. எழுத்தைத் தாங்கிய ஓலைக்கு நாம் செய்த மரியாதையைப் பெட்டியாகிய ஓலைக்கும் செய்யவேண்டாமா?

நன்றிக்கடன் ஒரு காரணம். பயன் மற்றொரு காரணம். ஆடிய மாதிரி ஏட்டில் இடம்பெற்றிருந்தால் அடுத்த ஆண்டு மாணவர் அதே தவறைச் செய்யார். மூலையில் ஓலை வெடிக்கும் எனச் சொன்னவரின் பெயர் இருந்தால், அடுத்து வருவோர் அவரைத் தேடிச் செல்வர்; அவருக்கு ஊதியமும் மதிப்பும் கிட்டும். எனவே செயன்முறை ஏட்டிற் கைவிடப்பட்ட மாதிரிகளுக்கும், கருத்துத் தந்தோரின் பெயர்களுக்கும், அவர்களின் இணக்கத்தோடு, தனியிடம் ஒதுக்கப்படவேண்டும். அதற்குப் புள்ளியும் வழங்கப்படவேண்டும். புள்ளி கிடையாத உண்மையை மாணவர் எழுதார். இதில் மாணவரைவிட மதிப்பிடுவோரின் பொறுப்பே பெரிது.

இவற்றையெல்லாம் அம்மாணவியிடம் கூறியபோது அவர் கோபங்கொள்ளவில்லை. "நீங்கள் மட்டும் என்ன செய்யிறியள்?" என்று கேட்டார். நாட்டார் பாடல்களைத் தேடி ஊரூராகச் சென்று, முதிய பெண்களிடம் பாடல்களைப் பெற்று, ஒப்படையின் முகப்பிற் 'சேகரித்தவர்' எனத் தம் பெயரை மாத்திரம் பொறிக்கும் கலைப்பீட மாணவர் பலர். இக்கட்டுரையாளரும் இரண்டாம் ஆண்டில் அவ்வாறு செய்தவரே. பாடியவரின் பெயர் குறிப்புக் கொப்பியில் இருந்தது, ஒப்படையில் இல்லை. அவ்வினாவுக்கு அன்று விடை கூற முடியவில்லை. அக்கொப்பியை மீண்டும் தேடியெடுத்து, அப்பெயரை உரிய இடத்தில் எழுதிவைப்பதே இப்போது கூறக்கூடிய விடை.