மனித வாடையை மறைக்க முடியுமா? கயோட்டி வேட்டை வழிகாட்டிகள் பற்றி ஒரு விமர்சனக் குறிப்பு

கயோட்டி வேட்டைக்கான அமெரிக்க வழிகாட்டிகளை வரிசையாக வாசித்தால் ஒரு பட்டியல் விடாமல் வரும்: மணமில்லாத சோப்பு, ஸ்ப்ரே, கரி கலந்த உடுப்பு, மேலே தெளித்துக்கொள்ள ஸ்கங்க் வாடை. இதையெல்லாம் வாங்கினால் மனித வாடை காணாமல் போய்விடுமாம். போகாது என்பதுதான் என் வாதம்.

முதலில், எதிரில் இருப்பது யார்? கயோட்டி நம் வீட்டு நாயின் பேரினத்தைச் சேர்ந்த விலங்கு. மூக்கை நம்பிப் பிழைப்பது. நம் தோலிலிருந்து நுண்செதில்கள் ஓயாமல் உதிர்கின்றன. மூச்சும் நிற்பதில்லை. உடுப்பு எவ்வளவு உசத்தியா இருந்தாலும் மூச்சு வெளியேதான் போகணும். ஸ்கங்க் வாடையும் உதவாது: காபித்தூளுக்குள் பொதிந்த போதைப்பொருளையே மோப்ப நாய் பிரித்தறிகிறது.

கரிக்கு வருவோம். அது வாசனை மூலக்கூறுகளைப் பிடித்துவைக்கும் என்பது உண்மை. ஆனா நுண்துளைகள் நிரம்பிவிட்டால்? வீட்டு ட்ரையரில் போட்டால் புதுசாகிவிடும் என்பது வழக்கமான பதில். தொழிற்சாலைகளில் கரியைப் புதுப்பிக்க சுமார் 800 டிகிரி செல்சியஸ் சூடு கொடுக்கிறார்கள். வீட்டு ட்ரையர் 100-ஐக்கூடத் தொடாது. ஜான் ஷிவிக் என்ற காட்டுயிர் ஆய்வாளர் இந்த உடுப்புகளைத் தேடுதல் நாய்களை வைத்துச் சோதித்து 2002-ல் முடிவை வெளியிட்டார். உடுப்பு போட்டு ஒளிந்தவர்களும் நாய்களிடம் சிக்கினார்கள்.

அப்படியானால் ‘எனக்குப் பலன் தந்தது’ என்று இத்தனை பேர் சொல்வது பொய்யா? பொய் இல்லை, கணக்கு தப்பு. வந்த கயோட்டியை மட்டுமே வேட்டைக்காரர் எண்ணுகிறார். 300 மீட்டருக்கு அப்பால், புதர் மறைவில், வாடை பிடித்துத் திரும்பிப் போனதை அவர் பார்க்கவே இல்லை. லாக்கில் பதிவாகாத பிழை இல்லாத பிழை என்று நினைப்பது மாதிரிதான் இது.

இதில் காசு மட்டும் வீணாவதில்லை. உடுப்பை நம்புகிறவர் காற்றைக் கவனிப்பதை விட்டுவிடுகிறார். ஒருமுறை ஏமாந்து தப்பிய கயோட்டி அடுத்த முறை அதே அழைப்பொலிக்கு எளிதில் வராது.

முயல் அலறும் ஒலியைக் கேட்டு வரும் கயோட்டி பெரும்பாலும் நேராக வராது. வட்டமடித்து, ஒலியைத் தாண்டி காற்று போகும் பக்கம் வந்து மோப்பம் பார்க்கும். இந்தப் பழக்கம்தான் வேட்டைக்காரருக்குக் கிடைத்த உண்மையான பிடி. ஒலிப்பெட்டியைத் தன்னிடமிருந்து தள்ளி, காற்றுக்குக் குறுக்கே வைக்கணும். அது மோப்பம் பார்க்க வரும் இடம் திறந்தவெளியாக, தன் வாடை ஓடும் பாதைக்கு விலகி இருக்கணும். ஒரு சிட்டிகை பவுடரைத் தூவினால் காற்றின் போக்கு தெரிந்துவிடும். சாயங்காலம் தரை குளிர்ந்ததும் மேட்டிலிருந்து காற்று பள்ளத்துக்கு இறங்கும் என்பதையும் நினைவில் வைக்கணும்.

சோப்பு போட்டுக் குளிப்பதை நான் குறை சொல்லவில்லை, வாடை கொஞ்சம் குறையலாம். ஆனால் வழிகாட்டிகள் காற்றை முதல் பக்கத்திலும் சோப்பைக் கடைசிப் பக்கத்திலும் வைத்திருக்க வேண்டும். இப்போது தலைகீழாக இருக்கிறது. காரணம் எளிது: காற்றைப் பாட்டிலில் அடைத்து விற்க முடியாது.