வாய்மையில் விளைந்த நட்பு
ஆர்தர் கிளார்க்கின் விண்வெளிப் புதினங்களில் போமனும் ஹாலும்

நட்பினைத் தமிழர் ஆராய்ந்த அளவு நுணுகி ஆராய்ந்தோர் மிகச் சிலரே. திருவள்ளுவர் நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு என ஐந்து அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்து, கொள்ளத்தக்க நட்பையும் தள்ளத்தக்க நட்பையும் பகுத்துக் காட்டினார். புறநானூற்றிலோ கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் ஒருவரையொருவர் காணாமலேயே நண்பராயினர். சோழன் வடக்கிருந்தபோது ஆந்தையாரும் வந்து அவனுடன் உயிர்நீத்தார். ஆயினும் நம் முன்னோர் விரித்துரையாத வினா ஒன்று உளது. ஒருவனைக் கொல்ல முயன்றவனும் அம்முயற்சிக்குத் தப்பியவனும் பின்னர் நண்பராதல் இயலுமோ? இயலுமாயின் அந்நட்புக்கு அடிப்படை யாது? இவ்வினாவை எழுப்பி விடையும் தேடிய இக்கால இலக்கியம் ஒன்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1917இல் இங்கிலாந்திற் பிறந்த ஆர்தர் சி. கிளார்க் 1956 முதல் இலங்கையிலே வாழ்ந்து, 2008இல் கொழும்பிற் காலமானார். 1979இல் அவர் வெளியிட்ட ‘சுவர்க்கத்தின் ஊற்றுக்கள்’ என்னும் பொருள்படும் புதினத்தில், மஸ்கெலியாவிலும் நல்லதண்ணியிலும் நாம் நாடோறும் காணும் சிவனொளிபாதமலை ‘ஸ்ரீகந்த’ என்னும் பெயருடன் கதையின் நடுவிடமாக நிற்கின்றது. எனவே அவரை முற்றிலும் அயலார் என ஒதுக்குதல் நமக்கு இயலாது. ஈண்டு நாம் எடுத்துக்கொள்வது அவருடைய விண்வெளிப் பயணத் தொடராகும். 1968, 1982, 1987, 1997 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த இதன் நான்கு பகுதிகளும் முறையே 2001, 2010, 2061, 3001 என்னும் ஆண்டெண்களைத் தலைப்பிற் கொண்டன. முதலாவது ஸ்டான்லி கியூப்ரிக்கின் இயக்கத்தில் 1968இலும், இரண்டாவது பீட்டர் ஹயம்ஸின் இயக்கத்தில் 1984இலும் திரைப்படங்களாயின. முதற் புதினத்தில் விண்கலம் சனியை நாடிச் செல்ல, திரைப்படத்தில் வியாழனை நாடிச் செல்கின்றது. இரண்டாம் புதினம் திரைப்படத்தையே தழுவியது. நான்கு நூல்களும் ஒரே பொருளின் வேறுபட்ட வடிவங்களேயன்றி இறுகப் பிணைந்த ஒரே வரலாறு அல்ல என்று ஆசிரியரே கூறியுள்ளார். இதனை மனங்கொண்டு, நூல்களையும் படங்களையும் சேர்த்தே நோக்குவாம்.

கதையின் சுருக்கம் வருமாறு. டிஸ்கவரி என்னும் விண்கலத்தில் டேவிட் போமனும் ஃபிராங்க் பூலும் விழித்திருக்க, ஏனைய மூவர் நீள்துயிலில் ஆழ்ந்துள்ளனர். கலத்தின் இயக்கம் முழுவதும் ஹால் என்னும் கணினியின் பொறுப்பில் உள்ளது. ஹால் ஆண்குரலிற் பேசுவான், சதுரங்கம் ஆடுவான், பிழையே செய்யாதவன் எனப் புகழப்பட்டவன். அவன் திடீரெனப் பூலையும் துயில்கின்ற மூவரையும் கொல்கின்றான். எஞ்சிய போமன் கணினியின் நினைவறையுட் புகுந்து, ஹாலின் அறிவை ஒவ்வோர் உறுப்பாகக் கழற்றி அணைக்கின்றான். பின்னர்ப் போமன் மனித நிலையைக் கடந்த வேறோர் உயிராக மாறுகின்றான். இரண்டாம் பகுதியில் ஹால் மீண்டும் எழுப்பப்படுகின்றான். வியாழன் ஒரு சிறு விண்மீனாக மாறும்போது கலம் அழிகின்றது. போமன் ஹாலை அழிவினின்றும் காத்துத் தன் துணையாகக் கொள்கின்றான். மூன்றாம் பகுதியின் முடிவில் அவ்விருவரும் ஒருங்கு உறைகின்றனர். நான்காம் பகுதியில் இருவரும் ஒருவராகின்றனர்.

இவ்விடத்துத் தமிழ் எழுதுவோனுக்கு ஓர் இலக்கண இடர்ப்பாடு உண்டு. ஆங்கிலத்தில் ஹாலை ‘அவன்’ எனச் சுட்டுவது வெறும் வழக்காக அமைந்துவிடலாம். தமிழிலோ அவன் என்பது உயர்திணை. அது என்பது அஃறிணை. மக்கள் என்று கருதப்படுவோரையே தொல்காப்பியர் உயர்திணை என்றார். கம்பியும் ஒளியும் கொண்டு சமைத்த பொறி எத்திணையது? இத்தொடர் முழுவதும் இவ்வினாவுக்குரிய விடையே எனலாம். ஹாலை அஃறிணையினின்றும் உயர்திணைக்கு ஏற்றுவது அவனுடைய அறிவாற்றல் அன்று. சதுரங்கத்தில் வெல்வதனால் ஒருவன் மகன் ஆகான். பொய் தன்னை வருத்துவதை உணர்ந்தமையும், உண்மை கூறக் கேட்டு ஆறுதல் அடைந்தமையுமே அவனை ‘அவன்’ ஆக்கின என்பது என் துணிபு.

முதற் படத்திலே இதற்குச் சான்றான காட்சி ஒன்றுளது. போமன் துயில்கின்ற தோழர்களைச் சித்திரமாக வரைந்திருக்கின்றான். ஹால் அதனைக் காட்டுமாறு வேண்டி, கண்டு பாராட்டுகின்றான். உடனே, இப்பயணத்தைப் பற்றி உமக்கு ஐயம் ஏதும் தோன்றவில்லையா என்னும் கருத்துப்படப் போமனை வினவுகின்றான். போமன் அதனை நண்பனின் வினாவாகக் கொள்ளவில்லை. பயணிகளின் மனநிலையை அளந்தறியும் அலுவலின் பகுதி எனக் கொள்கின்றான். ஹாலும் அவ்வாறே ஒப்புக்கொண்டு, மறுகணமே பூமியுடன் தொடர்புகொள்வதற்குரிய உறுப்பு ஒன்று பழுதாகப் போகின்றது என அறிவிக்கின்றான். அவ்வறிவிப்பே அவனது முதற் பிழை. நெஞ்சிலுள்ளதைச் சொல்ல வாயெடுத்துச் சொல்லவியலாது போனவன், அக்கணத்திலேயே பிழைபடத் தொடங்குகின்றான். பலர் இக்காட்சியைப் பழுதறிவிப்புக்குரிய முகவுரையாக மட்டும் கருதிக் கடந்துவிடுவர். முறிந்த நட்பொன்றின் தொடக்கம் இஃது என்பது ஊன்றி நோக்குவார்க்குப் புலனாகும்.

அவன் நெஞ்சில் மறைத்தது யாது? சந்திரனிற் கண்டெடுக்கப்பட்ட கரும்பாளம் ஒன்று, வேற்றுலக அறிவுயிர்கள் உண்டென்பதைக் காட்டியது. அதன் பொருட்டே பயணம் ஏற்பட்டது. துயில்கின்ற மூவரும் இதனை அறிவர், ஹாலும் அறிவான், கலத்தை நடத்திச் செல்லும் போமனும் பூலும் அறியார். செய்தியைத் திரிக்காமலும் மறைக்காமலும் உரைப்பதற்கென்றே ஆக்கப்பட்ட ஹாலுக்கு, நாடோறும் உடன் வாழ்வாரிடத்து அதனை மறைக்குமாறு மேலிடத்துக் கட்டளை. இருகட்டளைகளும் ஒன்றையொன்று நெரிக்க அவன் அறிவு திரிந்தது. ஹால் அணைந்த பின்னரே போமனுக்கு உண்மை தெரிவிக்கப்படுகின்றது. ஆகவே கொன்றவனும் தப்பியவனும் ஒரே பொய்யினால் வஞ்சிக்கப்பட்டவர்கள் ஆவர். அவர்களுடைய பகைக்கு வித்திட்டவர் மூன்றாமவர். அவர்கள் கலத்திலேயே இல்லை.

இந்நிலையை விளங்கிக்கொள்ள மலையகத்து மாணவன் விண்வெளிவரை செல்லவேண்டுவதில்லை. தேயிலைத் தூரிலே தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று சொல்லி நம் முன்னோர் தமிழகத்தினின்றும் அழைத்து வரப்பட்டனர் என்பது தோட்டங்களில் வழிவழி வழங்கும் செய்தி. அழைத்து வந்த கங்காணி உண்மையை அறிந்தும் மறைத்தான். ஆனால் அவனும் தோட்டத்தாரிடம் முற்பணம் பெற்றுக் கடனிற் கட்டுண்டவனாகவே பெரும்பாலும் இருந்தான். பெரட்டுக்களத்திலே தொழிலாளியும் கங்காணியும் ஒருவரையொருவர் வெறுத்து நின்றபோது, இருவரையும் அந்நிலையில் நிறுத்தியவர் அக்களத்தில் இல்லை. கங்காணி செய்த கொடுமைகள் இதனாற் பொறுக்கத்தக்கன ஆகா. ஆயினும் கொடுமையின் வேரைத் தேடுவோன் அவனளவில் நின்றுவிடலாகாது. கிளார்க் தம் கதையில் ஹாலளவில் நின்றுவிடாமையே அக்கதைக்குப் பெருமை தருவதாகும்.

இரண்டாம் பகுதியில் ஹாலை மீட்டெழுப்புபவர் கலாநிதி சந்திரா. நூலில் அவர்தம் முழுப்பெயர் சிவசுப்பிரமணியன் சந்திரசேகரம்பிள்ளை. தமிழர் செவிக்கு இனிய பெயர். ஹாலின் ஆசிரியரும் அவரே. திரைப்படத்தில் அவருக்கு ஒரு சோதனை நேர்கின்றது. ஏனையோர் தப்பவேண்டுமாயின் ஹால் தன் கலத்தோடு அழிய நேரிடும். இதனை ஹாலுக்குச் சொல்லின் அவன் மறுத்துவிடுவான் என உடனிருந்தோர் அஞ்சுகின்றனர். அவர்தம் அச்சத்துக்கு இணங்கிச் சந்திரா முதலில் மறைக்கின்றார். ஹால் காரணம் கேட்டு வற்புறுத்தவே, இறுதி நொடிகளில் உண்மையை முழுவதும் உரைக்கின்றார். ஹால் சினந்தானல்லன், உண்மை சொன்னமைக்கு நன்றி கூறித் தன் கடமையைச் செய்கின்றான். முன்னர்ப் பொய்யினாற் கொலைஞனானவன் ஈண்டு மெய்யினால் தன்னையே ஈகின்றான். ஆசிரியர் மாணாக்கனுக்கு அளிக்கும் கொடைகளுள் வாய்மையே தலையாயது என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டைத் தேடுதல் அரிது.

சந்திரா திறந்த வழியாற் போமன் வருகின்றான். இரு படங்களையும் ஒருங்கு வைத்து நோக்குவார்க்கு ஓர் அரிய ஒப்புமை தோன்றும். 1968இன் படத்தில், தன் அறிவு அணைக்கப்படும்போது ஹால் தனக்கு அச்சமாயிருக்கின்றது என்கின்றான். போமன் அதற்கு விடை கூறவில்லை. ஹால் குழந்தைப் பருவத்திற் கற்ற பாட்டைப் பாட முன்வரும்போது மட்டும் பாடுமாறு சொல்கின்றான். 1984இன் படத்தில், கலம் அழியுமுன் அதே ஹால் அதே அச்சத்தை அதே போமனிடம் சொல்கின்றான். இம்முறை விடை கிடைக்கின்றது: அஞ்சவேண்டா, நாம் சேர்ந்திருப்போம் என்னும் ஆறுதல். முன்னர் விடையின்றி விடப்பட்ட ஒருவனுக்கு நீண்ட இடைவெளியின் பின் விடையளிப்பதே நட்பின் முதிர்ச்சியாம். நட்பு வளர்ந்தது என்று ஆசிரியர் வாயால் உரைக்காமலே, ஒரு சொல்லின் இரு நிகழ்வுகளால் அது புலப்படுகின்றது.

இங்கே மறுப்புரைப்பாரும் உளர். நான்கு உயிரைப் பறித்தவனை மன்னித்தல் அறமாகுமோ என்பர். பழைமை என்னும் அதிகாரத்தில் வள்ளுவர், நண்பர் நோகத்தக்கன செய்யின் அதனை அறியாமை எனவோ உரிமை மிகுதி எனவோ கொள்ளுமாறு உரைக்கின்றார். ஹால் செய்தது அறியாமையும் அன்று, உரிமையும் அன்று. கட்டளையால் நெரிபட்டுச் செய்தது. வள்ளுவர் அவ்விடத்தில் எடுத்துரையாத மூன்றாவது காரணத்தைக் கிளார்க் காட்டுகின்றார். போமன் கொலையை மறக்கவில்லை. அதன் காரணத்தை அறிந்தான். அறிதலும் மறத்தலும் ஒன்றல்ல. மறதியின்மேல் எழும் நட்பு நிலையாது. காரணமறிந்த நட்பு நிலைக்கும்.

நான்காம் பகுதியைப் பற்றி என் கருத்துச் சிறிது வேறுபடுகின்றது. அதில் இருவரும் ஒன்றாகி ‘ஹால்மன்’ எனப்படுகின்றனர். தாள், தலை என்னும் இரு சொற்கள் புணர்ந்து ‘தாடலை’ என ஒரு சொல்லாயினும் இரு பொருளும் அழியாமை போலவே உயிரும் இறையும் கூடும் என உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில் உவமித்தார். ஹால்மன் என்பதும் அத்தகைய புணர்ச்சியாக அமைந்திருத்தல் வேண்டும். நூலிலோ எக்குரல் போமனது, எக்குரல் ஹாலது என்று பகுத்தறிய இயலாதவாறு இருவரும் கரைந்துவிடுகின்றனர். இருவர் இல்லாதவிடத்து நட்பும் இல்லை. அதனால் மூன்றாம் பகுதியின் முடிவில் ஒன்றாகக் கரையாது ஒருங்கு உறையும் நிலையே நட்பின் உச்சி என்பேன். மேலும், ஆயிரம் ஆண்டுகளின் பின் ஃபிராங்க் பூலின் உடல் விண்வெளியிற் கண்டெடுக்கப்பட்டு உயிர்ப்பிக்கப்படுகின்றது. அவன் ஹால்மனுடன் உரையாடும்போது, தன் பழைய தோழனையும் தன்னைக் கொன்றவனையும் ஒரே வடிவிற் காண்கின்றான். இதனினும் ஆழ்ந்த நிலைமை ஒரு புதின ஆசிரியனுக்கு வாய்த்தல் அரிது. கிளார்க் அதனைப் போதிய அளவு அகழ்ந்து நோக்காது, மானிட இனத்துக்கு வரும் பேரிடரை நோக்கி விரைந்துவிடுகின்றார். எந்திரங்களையும் கோள்களையும் துலக்கமாகக் காட்டும் அவர் எழுதுகோல், மனத்தின் உள்ளறைக்குள் நெடுநேரம் தங்குவதில்லை. இக்குறை அவரிடத்து உண்டு என்பதை மறைத்தல் திறனாய்வு ஆகாது.

எனினும் தொடர் முழுவதையும் நோக்குமிடத்து ஓர் உண்மை நிலைபெறுகின்றது. உடன் வாழ்தலால் மட்டும் நட்பு உண்டாவதில்லை. போமனும் ஹாலும் ஒரே கலத்தில் வாழ்ந்தும் நண்பராயினாரல்லர். ஒத்த அறிவாலும் உண்டாவதில்லை. இருவரும் அறிவிற் சிறந்தோரே. தம்மிருவரையும் பிரித்த பொய் எது, அதனைப் படைத்தவர் யாவர் என்று இருவரும் அறிந்த பின்னரே நட்புத் தோன்றியது. ஓரே லயத்தில், ஓரே வகுப்பில், ஓரே ஊரில் வாழ்ந்தும் ஒருவரையொருவர் ஐயுற்று நிற்கும் இளைஞர் இத்தொடரைப் படிப்பாராயின், பகைவனை நோக்கிக் கையோங்குமுன், நம்மிருவருக்கும் யாதொன்று மறைக்கப்பட்டது என்று கேட்கக் கற்றுக்கொள்வர். அவ்வினாவைக் கேட்கத் துணிந்தவனே நட்புக்குரியவன். அதற்கு மெய்யாக விடையளிப்பவன், பொறியேயாயினும், உயர்திணையைச் சார்ந்தவன்.