கயமையும் முகமூடியும்: தொலைக்காட்சிக் குற்றத் தொடர்களில் மனச்சான்றற்ற பாத்திரம்

மாத்தளை மாவட்டத்தின் வடபாகத்தில் நிமிர்ந்து நிற்கும் சிகிரியாக் குன்று, தந்தையைக் கொன்ற மைந்தன் ஒருவனின் பெயரோடு பிணைந்து கிடப்பது யாவரும் அறிந்ததே. கி.பி. 5ஆம் நூற்றாண்டிலே காசியப்பன் தன் தந்தை தாதுசேனனைச் சிறையிட்டு அரசைக் கவர்ந்தான். புதையல் எங்கே என்று வினவப்பட்ட முதிய மன்னன், தான் கட்டுவித்த கலாவாவியின் நீரை அள்ளிக் காட்டி, தனக்குள்ள செல்வம் அதுவே என்றான். பின்னர் அவன் உயிரோடு சுவருக்குள் வைத்துக் கட்டப்பட்டான். இவ்வளவையும் கூறும் சூளவம்சம் அதனோடு நின்றுவிடவில்லை. காசியப்பன் தன் தம்பி முகலனுக்கு அஞ்சிக் குன்றேறினான் என்றும், செய்த தீவினையை எண்ணி வருந்தினான் என்றும், மறுமைக்கு அஞ்சி அறங்கள் பல செய்தான் என்றும் அது தொடர்ந்து செல்கின்றது. இக்கதையை இன்று தொடராக்க முனையும் ஒருவர் அவனைச் 'சைக்கோ' ஆக்கிவிட விரையக்கூடும். ஆனால் அஞ்சுகிறவனும் வருந்துகிறவனும் எவ்வளவு கொடியவனாயினும் அவ்வகையைச் சேர்ந்தவன் அல்லன். செயலின் கொடுமை வேறு, செய்தவனின் உள்ளத்து அமைப்பு வேறு. இவ்வேறுபாட்டை உணராமையே நம் குற்றக்கதைகளின் முதற் குறை எனலாம்.

'சைக்கோ' என்னும் சொல் தமிழிற் புகுந்து, பித்தனையும் கொலைஞனையும் ஒரே பெயரால் அழைக்கும் வழக்கத்தைத் தந்துவிட்டது. உளச்சிதைவு நோயுற்றவனுக்கு உலகம் திரிந்து தோன்றும். இல்லாத குரல்கள் அவன் செவியில் விழும். அவன் பெரும்பாலும் பிறர்க்குத் தீங்கு செய்பவனும் அல்லன். பரிவுக்கும் மருத்துவத்துக்கும் உரியவன். இங்கு ஆராயப்படுபவனோ உலகை உள்ளவாறே காண்கிறான். கணக்குத் தவறுவதில்லை, பேச்சுப் பிசகுவதில்லை. பிறர் துயர் அவனைத் தொடாமையே அவனுடைய குறை. அமெரிக்க மனநோய் மருத்துவர் ஹேவி கிளெக்லி 1941இல் இத்தகையோர் பற்றி எழுதிய நூலுக்கு 'நலமனத்தின் முகமூடி' என்னும் பொருள்படப் பெயரிட்டார். கனடிய உளவியலாளர் றொபேட் ஹெயர் பின்னர் இப்பண்புகளை 20 கூறுகளாக வகுத்து, 40 புள்ளிகள் வரை மதிப்பிடும் அளவுகோல் ஒன்றை அமைத்தார். நாநயம், தற்பெருமை, பொய், பிறரைத் தன் கருவியாக்கல், இரக்கமின்மை, கழிவிரக்கமின்மை என்பன அவற்றுட் சில.

இவை தமிழுக்குப் புதியன அல்ல. 'கயமை' என்னும் 108ஆம் அதிகாரத்தைத் தொடங்கும்போதே வள்ளுவர், கயவர் தோற்றத்தால் மக்களையே ஒத்திருப்பர் என்று வியக்கிறார். அடுத்த குறளில், நெஞ்சிற் கவலை இல்லாமையால் நல்லோரிலும் அவர் பேறுடையர் என்று எள்ளுகிறார். முகமூடியும் கவலையற்ற நெஞ்சும் ஆகிய இரண்டையும் அடுத்தடுத்து வைத்த அப்புலவர், கயவனின் இளமைப்பருவத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை என்பது தொலைக்காட்சிக் கதாசிரியர்கள் கருதற்பாலது.

பெல்ஜிய மருத்துவர்களான லெயிஸ்ரெற், லிங்கோவ்ஸ்கி என்னும் இருவர் 1915 முதல் 2010 வரை வெளிவந்த 400 திரைப்படங்களைப் பார்த்து, அவற்றிலிருந்து 126 பாத்திரங்களைத் தேர்ந்து ஆராய்ந்தனர். ஹிச்கொக்கின் 'சைக்கோ' (1960) படத்து நோர்மன் பேற்ஸ், அப்படத்தின் பெயரே இச்சொல்லைப் பரப்பியிருந்தும், அவ்வகைக்குள் அடங்கான், அவன் உளச்சிதைவுற்றவன் என்பது அவர்கள் முடிபு. 2007இல் வெளிவந்த ஓர் அமெரிக்கப் படத்தில் வரும் அன்ரன் சிகர் என்னும் கூலிக்கொலைஞனையே உண்மைக்கு மிக அணுக்கமானவனாக அவர்கள் கண்டனர். அவனுடைய பிறப்பும் வளர்ப்பும் அப்படத்தில் எங்கும் கூறப்படவில்லை.

தமிழ்த் திரை நோர்மன் பேற்ஸின் வழியையே பின்பற்றிற்று. மட்டக்களப்பிற் பிறந்த பாலு மகேந்திராவின் 'மூடுபனி' (1980) அவ்வழியில் வந்த சிறந்த படைப்பு. பிரதாப் போத்தன் நடித்த சந்துரு தாயின் நினைவால் அலைக்கழிக்கப்படுபவன், அன்புக்கு ஏங்குபவன். அவனைக் கண்டு அஞ்சும்போதே இரங்கவும் முடிகிறது. ஆகவே அது நல்ல படம். ஆனால் மனச்சான்றற்றவனின் படம் அன்று. இரண்டாண்டு முந்திய 'சிகப்பு ரோஜாக்கள்' முதல் பின்வந்தவை பலவும், இளமைக் காயம் ஒன்றைக் காட்டி அதனால் இவன் இப்படியானான் எனக் கணக்குத் தீர்க்கும் பழக்கத்தை நிலைநாட்டிவிட்டன. காயம்பட்ட குழந்தைகள் எண்ணற்றோர். அவர்களுட் கொலைஞராவோர் மிகச் சிலரே. எனவே அக்கணக்கு எதனையும் விளக்குவதில்லை. பார்ப்போரின் மனத்தை ஆற்றுவதற்கு மட்டுமே அது பயன்படுகிறது.

இதன் வேர் கூத்திலும் இருக்கலாம். தோட்டத்து முற்றத்தில் அரக்கன் ஆடவரும்போது அவன் அரக்கனென்பதை முகத்துச் சாயமும் மத்தள ஒலியும் முன்னரே அறிவித்துவிடும். கூத்துக்கு அது முறையே. அங்கே அரக்கன் யார் என்பது வினா அன்று, அவன் எவ்வாறு வீழ்வான் என்பதே வினா. தொலைக்காட்சியோ மத்தளத்தைப் பின்னணி இசையாக்கி, சாயத்தைக் கோணல் முகமாக்கி, அதனையே உளவியல் என்று விற்கிறது.

ராம்குமார் இயக்கிய 'ராட்சசன்' (2018) இதற்குத் தக்க சான்று. அப்படத்திற் கொலைஞனாக வருபவன் உடல் முன்முதுமை அடையும் நோயுடையவன். பள்ளியிற் பலராலும் ஒதுக்கப்பட்டவன். நோயையும் தனிமையையும் கொடுமையின் ஊற்றாக்கும் இக்கற்பனை வெறும் கலைக்குறை மட்டுமன்று. வகுப்பறையின் பின்வரிசையில் ஒதுங்கியிருக்கும், உருவத்தால் வேறுபட்ட பிள்ளையை நோக்கி ஏனைய பிள்ளைகள் எய்வதற்கு அது ஓர் அம்பையும் தந்துவிடுகிறது. வியப்பு யாதெனில், அதே படத்தின் முற்பாதியில் மெய்யான கயவன் ஒருவன் வருகிறான் என்பதே. இன்பராஜ் என்னும் பள்ளி ஆசிரியன் அவன். புள்ளிகளைக் காட்டி மாணவியரை அச்சுறுத்தித் தன் இச்சைக்கு உட்படுத்துகிறான். அவனுக்குப் பின்கதை இல்லை, முகமூடி இல்லை, மந்திர வித்தை இல்லை. ஆசிரியன் என்னும் தகுதி ஒன்றே போதுமாயிருக்கிறது. வினோத் சாகர் அப்பாத்திரத்தில் தோன்றும் சில காட்சிகள் தரும் அருவருப்பைப் பிற்பாதி முழுதும் தரவில்லை. கதையோ அவனை வழிமாற்றும் சூழ்ச்சியாகப் பயன்படுத்திப் பாதியில் அகற்றிவிடுகிறது. கையில் அகப்பட்ட பொருளை இன்னதென்று அறியாமலே படைப்பாளி நழுவவிட்ட இடம் அது.

அவ்வாறு நழுவவிடாத தொடர் ஒன்று 2023 மே மாதத்தில் அமேசன் பிறைமில் வெளிவந்தது. றீமா கக்தியும் ருச்சிகா ஓபெராயும் இயக்கிய 'தஹாட்' என்னும் இந்தித் தொடர் எட்டுப் பகுதிகளைக் கொண்டது. இராஜஸ்தானத்துச் சிற்றூர்களிற் காணாமற்போன பெண்கள் ஒருவர்பின் ஒருவராகப் பொதுக் கழிப்பறைகளில் நஞ்சுண்டு இறந்து கிடக்கின்றனர். கொலைஞன் ஆனந்த் சுவர்ணகார், பெண்கள் கல்லூரியில் இந்தி இலக்கியம் கற்பிப்பவன். விடுமுறை நாள்களில் வண்டியில் நூல்களை ஏற்றிச் சென்று ஊர்ப் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கொடுக்கும் நற்பணியாளன். பொற்கொல்லர் குடும்பத்தவனாதலின் சயனைட்டு அவனுக்கு எட்டாத பொருளன்று.

இக்கதைக்கு மெய்யான நிகழ்ச்சியொன்று துணைநின்றது என்பர். கருநாடகத்தின் தென்கன்னட மாவட்டத்திற் தொடக்கப்பள்ளி ஆசிரியனாயிருந்த மோகன் குமார், 2003க்கும் 2009க்கும் இடையில் வறிய குடும்பத்துப் பெண்களை மணவாக்குறுதி தந்து அழைத்துச் சென்று, கருத்தடை மாத்திரை என்று கூறிச் சயனைட்டைக் கொடுத்து, அவர்தம் நகைகளைக் கவர்ந்தான். பேருந்து நிலையக் கழிப்பறைகளில் அப்பெண்கள் இறந்து கிடந்தனர். 2009இற் பிடிபட்ட அவனை 2013இல் மங்களூர் நீதிமன்றம் குற்றவாளி எனத் தீர்த்தது. இத்தனை ஆண்டு அவன் அகப்படாமல் இருந்ததற்கு அவனுடைய நுண்ணறிவைக் காரணமாகக் கூறுவது பிழை. சீதனம் கொடுக்க வகையற்ற வீடுகள், 'ஓடிப்போனாள்' என்று மகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வாய்மூடி இருந்தன. முறைப்பாடு இல்லாத இடத்திற் பொலிசாருக்கு வழக்கும் இல்லை.

'தஹாட்' இதனை நன்குணர்ந்தது. கொலைஞன் இன்னானென்பதைத் தொடக்கத்திலேயே காட்டிவிடுகிறது. யார் என்னும் ஆவல் நீங்கியபின், இவனை எவரும் ஐயுறாதது ஏன் என்னும் வினாவே எஞ்சுகிறது. விஜய் வர்மா இப்பாத்திரத்தை ஏற்ற முறை பாராட்டற்குரியது. விழி பிதுங்கவில்லை, தனியே நகைக்கவில்லை. தொலைபேசியிலே பெண்ணொருத்தியோடு பேசும்போது அவள் சொல்வதை அவன் பொறுமையாகக் கேட்கிறான். வீட்டில் எவரும் கேளாத அவளுக்கு அது எத்துணைப் பெரிய கொடை! அவ்வன்பு நடிப்பு என்று அறிந்த பின்னரும் காண்போர் ஒருகணம் அதனை நம்புகின்றனர். அவர்களே நம்பும்போது அப்பெண் நம்பியதில் அறியாமை யாது? ஏமாந்தவளை இகழும் நாவை இக்காட்சிகள் அடக்கிவிடுகின்றன. ஒருத்தியின் தொலைபேசி இணைப்பைக் கொண்டே அடுத்தவளோடு அவன் பேசுவது கதையின் திறமான அமைப்பு. மக்களைப் பொருளாகப் பயன்படுத்தும் உள்ளத்தை வசனமின்றியே அது காட்டிவிடுகிறது.

அவனைத் தேடும் அஞ்சலி பாத்தி என்னும் பொலிஸ் அதிகாரி தாழ்த்தப்பட்ட சாதியிற் பிறந்தவள். அவள் கடந்து செல்லும்போது நிலையத்து ஊழியன் ஒருவன் ஊதுபத்தி கொளுத்துகிறான். அவ்வூழியன் மனநோயாளனும் அல்லன், கொலைஞனும் அல்லன், அன்றாட மனிதன். சோனாக்ஷி சின்ஹா அதனைப் பொருட்படுத்தாதவள்போல் நடந்து செல்வது தொடரின் நல்ல இடங்களுள் ஒன்று. கயவன் ஒருவன் தழைப்பதற்குரிய மண் எதுவென்பதை விரிவுரையின்றி அச்சிறு புகை சொல்லிவிடுகிறது.

குறையும் உண்டு. இறுதிப் பகுதிகளில் இத்தொடரும் துணிவிழந்து, ஆனந்தின் குடும்பப் பழங்கதைக்குத் திரும்புகிறது. ஆறு பகுதிகளாக விளக்கமின்றி நின்று அச்சுறுத்தியவன் அங்கே பழைய அச்சில் வார்த்த பொம்மையாகச் சிறுத்துப்போகிறான்.

தமிழ்த் தொடராகிய 'சுழல்' (2022) மாறான வழியிற் சென்றது. மயானக் கொள்ளைத் திருவிழாவின் இடையே ஒரு பெண் காணாமற்போக, ஊரில் உள்ளோர் அனைவரும் மாறிமாறி ஐயத்துக்கு உள்ளாகின்றனர். முடிவிலே குற்றம் குடும்பத்துக்குள்ளேயே, எவரும் ஐயுறாத உறவினன் ஒருவனிடத்தில் இருப்பது தெரிகிறது. கண்டுபிடிப்பு உண்மையானது, பிள்ளைகளுக்குத் தீங்கு பெரும்பாலும் தெரிந்தவரிடமிருந்தே வருகிறது. ஆயினும் மறைபொருளைக் காப்பதற்காக அவனைக் கடைசிவரை ஓரத்தில் நிறுத்தவேண்டியதாயிற்று. அவன் பிள்ளைகளோடு எவ்வாறு பழகினான், அவர்கள் நம்பிக்கையை எப்படிச் சிறிது சிறிதாகப் பெற்றான், அவர்கள் சொல்ல வாயெடுத்தபோது வீட்டார் ஏன் செவிகொடுக்கவில்லை என்பனவற்றைக் காண்பதற்கு இடமில்லாமற் போயிற்று.

மாத்தளைத் தோட்டங்களிலிருந்து கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் மத்திய கிழக்கு வீடுகளுக்கும் பெண்கள் வேலைக்குச் செல்கின்றனர். அழைத்துச் செல்ல வருபவர்களுள் நல்லோர் பலர். எல்லாரும் இன்சொல்லராகவே வருகின்றனர். இவ்வீடுகளிலும் மாலையிற் தொலைக்காட்சி ஒளிர்கிறது. அதிற் கோணல் முகமும் பதைக்கும் இசையுமாக வருபவனைக் கண்டு பிள்ளைகள் கண்ணைப் பொத்திக்கொள்கின்றனர். வாசலில் நின்று நலம் விசாரிப்பவனை அத்திரை இன்னும் போதியளவு காட்டவில்லை.