ஜன்னல் உடையும் பக்கத்தில் கொஞ்சம் நில்லுங்கள்

பேட்மேன் பிறந்த கதை யாருக்குத்தான் தெரியாது? படம் பார்த்துவிட்டுத் திரும்பும் அப்பா அம்மாவைத் திருடன் ஒருவன் சுட்டுக் கொல்கிறான். கூடவே நின்ற பணக்கார வீட்டுப் பையன் வளர்ந்து வௌவால் வேஷம் கட்டுகிறான். 1987-இல் நான்கு இதழ்களாக வந்த ‘பேட்மேன்: இயர் ஒன்’ இதே கதையைத்தான் சொல்கிறது. எழுத்து ஃபிராங்க் மில்லர், ஓவியம் டேவிட் மஸுக்கெல்லி. தெரிந்த கதையாயிற்றே என்று தள்ளிவிடாதீர்கள். விடிய விடியக் கூத்து பார்க்க உட்காருபவருக்குத் துரௌபதி கதை தெரியாதா என்ன? அவர் பார்ப்பது ஆட்டத்தை.

படிக்கும் முன் ஒரு சின்ன வேலை. 1939-இல் ‘டிடெக்டிவ் காமிக்ஸ்’ 33-ஆம் இதழில் வந்த மூலக்கதையைத் தேடிப் பாருங்கள். இரண்டே பக்கம். கொலை, சபதம், பயிற்சி, கடைசியில் திறந்திருந்த ஜன்னல் வழியே ஒரு வௌவால். சாய்வு நாற்காலியில் யோசித்துக்கொண்டிருந்தவனுக்கு யோசனை கிடைத்துவிடுகிறது. எல்லாம் நினைத்தபடி நடக்கிறது.

இப்போது மில்லரிடம் வாருங்கள். அந்தப் பையன், இப்போது 25 வயது புரூஸ் வெய்ன், மாறுவேஷத்தில் நகரத்தின் மோசமான பேட்டைக்குப் போகிறான். ஊரைத் திருத்தப் போனவனை ஒரு சிறுமி கத்தியால் குத்துகிறாள், போலீஸ் சுடுகிறது. ஒருவழியாக வீடு வந்து அப்பாவின் மார்பளவு சிலைக்கு எதிரே உட்கார்கிறான். ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது. கைக்கெட்டும் தூரத்தில் ஒரு மணி. அடித்தால் வேலைக்காரர் ஆல்ஃபிரட் வந்து காயத்துக்குக் கட்டுப் போட்டுவிடுவார். அடிக்காமல் இருக்கிறான். இப்படியே வாழ்வதா, சாவதா என்று அப்பாவிடமே கேட்கிறான். அப்போதுதான் கண்ணாடியை நொறுக்கிக்கொண்டு உள்ளே பாய்கிறது வௌவால்.

இந்தப் பக்கத்தை அவசரமாகப் புரட்டினால் புத்தகமே போச்சு. 1939-இல் ஜன்னல் திறந்திருந்தது, இங்கே உடைகிறது. அங்கே வௌவால் ஒரு யோசனை. இங்கே, சாகத் துணிந்து உட்கார்ந்திருப்பவனுக்கு உயிரோடு இருக்க ஒரு சாக்கு. ‘இருண்ட’ காமிக்ஸ் என்றால் பக்கத்துக்குப் பக்கம் பிணம் விழவேண்டும் என்று பின்னால் வந்த பலரும் நினைத்துக்கொண்டார்கள். மில்லரே சில இடங்களில் அப்படி நினைத்தவர்தான், அது வேறு கதை. இங்கே இருட்டு வருவது நாயகன் தோற்பதிலிருந்து.

ஆனால் என்னைக் கேட்டால் இது பேட்மேன் கதையே அல்ல, போலீஸ்காரர் ஜிம் கார்டன் கதை. முதல் பக்கத்திலேயே அவர் ரயிலில் வருகிறார், புரூஸ் விமானத்தில். ஒருவர் ஊரைத் தரைமட்டத்தில் பார்க்கிறார், மற்றவன் மேலிருந்து. கார்டனுக்கு லஞ்சத்தில் ஊறிய காவல்துறை, கர்ப்பிணி மனைவி, கூட வேலை பார்க்கும் பெண்மேல் ஆசை. ராத்திரி கட்டில் விளிம்பில் துப்பாக்கியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பின்னால் மனைவி தூங்குகிறாள். நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்த படம் அதுதான்.

எழுத்துகளையும் படமாகப் பாருங்கள். அவற்றை எழுதிய டாட் க்ளெய்ன், கார்டன், புரூஸ் இரண்டு பேர் மனக்குரலுக்கும் இரண்டு விதமான கையெழுத்து கொடுத்திருக்கிறார்; யார் பேசுகிறார் என்று பெயர் போட வேண்டிய தேவையே இல்லை. வண்ணம் ரிச்மண்ட் லூயிஸ், ஓவியரின் மனைவி. மாத இதழுக்கு ஒருமுறை தீட்டியவர், தொகுப்பு நூலுக்காக மறுபடி தீட்டினார். பெரும்பாலும் அழுக்குப் பழுப்பும் சாம்பலும்தான். அதனால் எங்காவது மஞ்சள் விளக்கொளி விழுந்தால் கண் தானாக அங்கே போகிறது.

ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயம் போதும். கடைசியில் ஒரு பாலத்துக்கடியில் கார்டனும் முகமூடி இல்லாத புரூஸும் நேருக்கு நேர் நிற்கிறார்கள். கண்ணாடி இல்லாமல் தனக்கு எதுவும் சரியாகத் தெரியாது என்கிறார் கார்டன். அவர் முகத்தை நன்றாகப் பாருங்கள். தெரிகிறதா, தெரியவில்லையா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.