குரலுக்கு மேடை, பெயருக்கு வெற்றுக் கட்டம்

டிஜிட்டல் இசைத் துறையில் ஒவ்வோர் ஒலிப்பதிவுக்கும் ஓர் அடையாளக் குறியீடு உண்டு. ஐ.எஸ்.ஆர்.சி. என்பார்கள். எழுத்தும் எண்ணுமாகப் பன்னிரண்டு இடங்கள் கொண்டது. முதல் ஐந்து இடங்கள் குறியீட்டை வழங்கியவர் யார் என்று காட்டும். பெரும்பாலும் அது இசை நிறுவனம்தான். அடுத்த இரண்டும் குறியீடு வழங்கப்பட்ட ஆண்டு. மீதி ஐந்தும் வரிசை எண். பாடியவர், எழுதியவர், வாசித்தவர், பதிவு செய்தவர் யாருக்கும் இதில் இடம் இல்லை. அதைக் குறை சொல்லவும் முடியாது. ஒரு பதிவை இன்னொரு பதிவிலிருந்து பிரித்தறிவதற்கு மட்டுமே அது உருவானது. மனிதர்களின் பெயர்கள் அதோடு தனியே, வேறு கட்டங்களில் பயணப்பட வேண்டும். அந்தக் கட்டங்களுக்கு மெட்டாடேட்டா என்று பெயர்.

சென்னையில் ஒரு விநியோக நிறுவனத்தில் அந்தக் கட்டங்களைச் சரிபார்ப்பதுதான் என் வேலை. லேபிள்கள் அனுப்பும் எக்செல் தாள்களில் எழுத்துப்பிழை பார்ப்பது, பாடலாசிரியர் பெயர் விடுபட்டிருந்தால் கேட்டு வாங்குவது, ஒரே பாடகியின் பெயர் நான்கு விதமான ஆங்கில எழுத்துக்கூட்டலில் கிடந்தால் ஒன்றாக்குவது. எங்கள் பிரிவில் பெரும்பாலோர் பெண்கள். பொறுமை வேண்டிய வேலை, ஆகவே பெண்களுக்குப் பொருத்தம் என்று எங்களிடமே சொல்வார்கள். நிறுவனத்தின் சார்பில் மும்பையிலும் பெங்களூருவிலும் நடக்கும் துறை மாநாடுகளுக்கும் சில ஆண்டுகளாகப் போய்வருகிறேன். இந்தக் கட்டுரை அந்த மாநாடுகளைப் பற்றியது. இன்னும் சரியாகச் சொன்னால், அங்கே பெண்களைப் பற்றிப் பேசும் முறை பற்றியது.

ஒரு மாநாட்டின் நிகழ்ச்சி நிரலை இலக்கியப் பிரதியைப் படிப்பதுபோலப் படிக்கலாம். காலை அமர்வுகள் சந்தை, முதலீடு, உரிமம், செயற்கை நுண்ணறிவு பற்றியவை. பேசுபவர்கள் தலைமைப் பொறுப்பில் இருப்பவர்கள். இரண்டாம் நாள், மதிய உணவு முடிந்து அரங்கம் பாதி காலியாக இருக்கும் நேரத்தில் 'இசையில் பெண்கள்' என்றோர் அமர்வு வரும். மேடையில் ஒரு பாடகி, ஒரு நிகழ்ச்சி மேலாளர், ஒரு விளம்பரப் பிரிவுத் தலைவர். கேள்விகள் எனக்கு மனப்பாடம். இந்தத் துறைக்கு வர வீட்டில் சம்மதித்தார்களா? குழந்தையையும் வேலையையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? புதிதாக வரும் பெண்களுக்கு என்ன சொல்ல விரும்புகிறீர்கள்? காலையில் ஆண்களிடம் துறையைப் பற்றிக் கேட்டார்கள். மதியம் பெண்களிடம் பெண்களைப் பற்றிக் கேட்கிறார்கள். உரிமம் எவ்வளவு விழுக்காடு, தணிக்கை செய்யும் அதிகாரம் யாருக்கு, ஒப்பந்தத்தில் எந்த வரியை மாற்றவேண்டும் என்று அந்த மேடையில் யாரும் கேட்பதில்லை. பதில் சொல்லக்கூடியவர்கள் மேடையிலேயே உட்கார்ந்திருந்தும் கேட்பதில்லை.

இந்த அமர்வுகளில் அதிகம் புழங்கும் சொல் 'குரல்'. பெண்களின் குரல் ஒலிக்கவேண்டும், குரலுக்கு மேடை வேண்டும் என்கிறார்கள். இந்தியத் திரையிசையில் பெண்ணின் குரலுக்கு ஒருநாளும் தட்டுப்பாடு இருந்ததில்லை. தட்டுப்பாடெல்லாம் பெயருக்குத்தான்.

1902 நவம்பரில் கல்கத்தாவில் கிராமபோன் கம்பெனிக்காக பிரெட் கைஸ்பர்க் பதிவு செய்த கலைஞர்களில் முக்கியமானவர் கௌஹர் ஜான். பாடி முடித்ததும் தன் பெயரை ஆங்கிலத்தில் அறிவிப்பார். தட்டுகள் ஜெர்மனியில் ஹானோவர் நகரத்தில் அச்சாயின. அங்கிருந்தவர்களுக்கு மொழி தெரியாது. எந்தத் தட்டில் யார் பெயரை ஒட்டுவது என்று தெரிய அந்த அறிவிப்பு உதவியது. இன்று நான் செய்யும் வேலையின் முதல் வடிவம் அது என்று நினைத்துக்கொள்வேன். வேறுபாடு ஒன்று உண்டு. அவர் பெயர் பாட்டோடு சேர்ந்து தட்டிலேயே பதிந்துவிட்டது. பின்னால் வந்த எந்தக் குமாஸ்தாவும் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட முடியாது. தென்னிந்தியாவிலும் தொடக்ககால இசைத்தட்டுகளில் கோயம்புத்தூர் தாயி, சேலம் கோதாவரி போன்ற பெண்களின் பெயர்கள்தான் முன்னே நின்றன. 'கௌரவமான' வித்வான்கள் பலர் இயந்திரத்தின் முன் பாடத் தயங்கிய காலத்தில், தேவதாசி மரபிலிருந்து வந்த பெண்கள் அந்தத் தொழில்நுட்பத்தைக் கையாளக் கற்றுக்கொண்டார்கள்.

திரைப்படம் வந்தபின் நிலைமை மாறியது. 1949இல் வெளிவந்த 'மஹல்' இந்திப் படத்தில் லதா மங்கேஷ்கர் பாடிய புகழ்பெற்ற பாடலின் இசைத்தட்டில் பாடியவர் பெயராக 'காமினி' என்று அச்சாகியிருந்தது. அது மதுபாலா நடித்த கதாபாத்திரத்தின் பெயர். உயிரோடு இருக்கும் பாடகியின் இடத்தில் இல்லாத ஒரு பெண்ணின் பெயர். பின்னணிப் பாடலுக்குத் தனி விருது இல்லாதபோது பிலிம்பேர் விழா மேடையில் பாட மறுத்தவரும், பின்னணிப் பாடகர்களுக்கு ராயல்ட்டி வேண்டும் என்று அறுபதுகளில் வாதாடி அதனால் சக பாடகர்களோடு மனவருத்தம் கொண்டவரும் அதே லதாதான். அவரை நாம் 'இசைக்குயில்' என்று கொண்டாடினோம். குயில் கணக்குக் கேட்காது. அவர் கேட்டார். அந்தப் பகுதியைக் கொண்டாட்டங்களில் சொல்வதில்லை.

பெயர் என்பது வெறும் மரியாதை, அதற்குப் போய் ஏன் இவ்வளவு பேச்சு என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்குச் சட்டத்தைக் காட்டவேண்டும். பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் செய்த திருத்தம் பெரிய வெற்றி. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் ராயல்ட்டி உரிமையை மொத்தமாக எழுதிக் கொடுத்துவிட முடியாது என்றாயிற்று. பாடகர் உள்ளிட்ட நிகழ்த்துகலைஞருக்கும் வணிகப் பயன்பாட்டில் ராயல்ட்டி பெற உரிமை வந்தது. தன்னை நிகழ்த்தியவராக அடையாளம் காட்டும்படி கோரும் உரிமையும், தன் பங்களிப்பைச் சிதைத்தால் தடுக்கும் உரிமையும் வந்தன. இத்தனையும் கொடுத்த அதே திருத்தம், 'நிகழ்த்துகலைஞர்' என்பதற்கான விளக்கத்தில் ஒரு விதிவிலக்கையும் சேர்த்தது. திரைப்படத்தில் ஒருவரது பங்களிப்பு தற்செயலானதாகவோ துணைநிலையானதாகவோ இருந்து, துறையின் வழக்கப்படி டைட்டில் உட்பட எங்கேயும் அவர் பெயர் குறிப்பிடப்படுவதில்லை என்றால், அவர் நிகழ்த்துகலைஞராகக் கருதப்படமாட்டார். சிதைவைத் தடுக்கும் உரிமை மட்டும் அவருக்கு மிஞ்சும்.

இதை மெதுவாகப் படித்துப் பார்க்கவேண்டும். உன் பெயரைப் போடுவது வழக்கமில்லை, ஆகவே பெயரைப் போடச்சொல்லிக் கேட்கும் உரிமை உனக்கு இல்லை. புறக்கணிப்பே புறக்கணிப்புக்கு ஆதாரமாகிவிடுகிறது. கோரஸ் பாடும் பெண், ஹம்மிங் கொடுத்துவிட்டுப் போகும் பெண், நட்சத்திரப் பாடகி வரும்வரை படப்பிடிப்புக்காக டிராக் பாடிக் கொடுக்கும் பெண் இவர்களெல்லாம் 'துணைநிலை'யா என்பதை அந்த வரி நேராகச் சொல்லவில்லை. பாதி முடிவைத் துறையின் வழக்கத்திடம் விட்டுவிட்டது. அந்த வழக்கம் தினமும் உருவாகும் இடங்களில் ஒன்று என் மேசை.

வயதான ஓர் அம்மா ஒருநாள் எங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசினார். பல ஆண்டுகள் கோரஸ் பாடியவர். பேரன் செயலியில் ஒரு பழைய பாட்டைப் போட்டுக் காட்டியிருக்கிறான்.

"ஏம்மா, அதுல எங்க பேரு எதுவுமே காணோமே?"

"லேபிள்ல இருந்து எங்களுக்கு வர்றதைத்தான் நாங்க ஏத்துறோம் அம்மா. கோரஸ் பேரு அவங்க அனுப்பல."

"பாடி முடிச்சா வவுச்சர்ல கையெழுத்து வாங்கிட்டுத்தானேம்மா காசு குடுத்தாங்க. காசு குடுக்கறப்போ எங்க பேரு தெரிஞ்சுது. பாட்டை விக்கறப்போ தெரியலையா?"

அவர் கேட்டது ஒரு தணிக்கையாளரின் கேள்வி. பெயர்கள் ஒரு காலத்தில் ஏதோ ஒரு காகிதத்தில் இருந்தன. ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்கு மாறும்போது அவை உதிர்ந்தன. ஏ.ஆர். ரஹ்மானின் குறுந்தகடுகளின் உள்ளட்டையில் வாத்தியக் கலைஞர்கள், கோரஸ் பாடியவர்கள், ஒலிப்பதிவுப் பொறியாளர்கள் எனச் சின்ன எழுத்தில் நீண்ட பட்டியல் இருக்கும். அதே பாடல்கள் செயலிகளுக்கு வந்தபோது பாட்டின் பெயர், படத்தின் பெயர், முதன்மைக் கலைஞர் ஆகியவை கட்டாயக் கட்டங்கள். மற்றவை விருப்பக் கட்டங்கள். விருப்பக் கட்டத்தை நிரப்ப ஆள் வைத்தால் செலவு. நிரப்பாவிட்டால் யாரும் பாட்டைத் திருப்பி அனுப்புவதில்லை. இங்கே யாருடைய தனிப்பட்ட தீய எண்ணமும் தேவைப்படவில்லை. காலியாக விடுவது மலிவு, அவ்வளவுதான்.

வடிவம் தயாராக இல்லை என்றும் சொல்லமுடியாது. நிறுவனங்களுக்கிடையே தகவல் பரிமாறப் பயன்படும் டி.டி.இ.எக்ஸ். தரநிலையில் பின்னணிக்குரல் பாடியவருக்குத் தனிப் பொறுப்புப் பெயரே இருக்கிறது. ஸ்பாட்டிஃபை 2018 முதல் பாடல் எழுதியவர், தயாரித்தவர் பெயர்களைக் காட்டிவருகிறது. கட்டம் இருக்கிறது. நிரப்பச் சொல்லும் அதிகாரம் உள்ளவர்கள் காலை அமர்வில் இருக்கிறார்கள். நிரப்பப்படாததால் இழப்பவர்கள் மதிய அமர்விலும் இல்லை.

எண்ணிப் பார்ப்பதற்கும் பெயர்தான் வேண்டியிருக்கிறது. 2018 ஜனவரியில் கிராமி விருதுகளில் பெண்கள் குறைந்தது பற்றிக் கேட்டபோது, ரெக்கார்டிங் அகாடமியின் அப்போதைய தலைவர் நீல் போர்ட்னோ பெண்கள்தான் முன்னேறி வரவேண்டும் என்ற பொருளில் பதில் சொன்னார். அதே மாதம் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்குழு ஒன்று, 2012 முதல் 2017 வரையிலான பில்போர்டு ஆண்டிறுதிப் பட்டியல்களின் பாடல்களை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டிருந்தது. பாடல் எழுதியவர்களில் பெண்கள் 12.3 விழுக்காடு, தயாரித்தவர்களில் 2 விழுக்காடு. போர்ட்னோவின் பதில் எவ்வளவு பொருளற்றது என்று காட்ட அந்த எண்கள் போதும். ஆனால் கட்டங்கள் நிரம்பியிருந்ததால்தான் அப்படி எண்ண முடிந்தது. தமிழ்த் திரையிசையில் கோரஸ் பாடிய பெண்களை, ஒலிப்பதிவில் உதவிய பெண்களைச் செயலிகளின் தரவிலிருந்து எண்ணத் தொடங்கினால் வெற்றுக் கட்டங்களையே எண்ணிக்கொண்டிருப்போம். பெயர் இல்லாத இடத்தில் பாகுபாட்டையும் நிரூபிக்க முடியாது.

மேடையைச் சரிபாதியாக்கும் முயற்சிகளை நான் மதிக்கிறேன். பிரிட்டனின் பி.ஆர்.எஸ். அறக்கட்டளை முன்னெடுத்த 'கீசேஞ்ச்' திட்டத்தில் 45 இசை விழாக்களும் மாநாடுகளும் 2022க்குள் சரிபாதிக்கு வருவதாக 2018இல் உறுதியளித்தன. நம் மாநாடுகள் அந்த அளவுக்குக்கூட வாய் திறப்பதில்லை. ஆனாலும் மேடையில் தலை எண்ணுவது பாதி வேலைதான். மேடைக்கு அழைக்கப்படும் பெண்கள் ஏற்கெனவே பெயர் உள்ளவர்கள். பெயர் உள்ளவர்களுக்கும் அது நிரந்தரமில்லை. 2018இல் பாலியல் தொல்லை பற்றி வெளிப்படையாகப் பேசிய பாடகி சின்மயி அதே ஆண்டில் டப்பிங் சங்க உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார். சந்தா பாக்கி என்று காரணம் சொன்னார்கள். பட்டியலில் சேர்ப்பதும் நீக்குவதும் அலுவலக வேலையாகத் தோன்றும். அதிகாரம் அந்த வேலையின் வழியாகத்தான் நடக்கிறது.

பெயர் வந்தால் பணம் வந்துவிடுமா? வராது. கௌஹர் ஜான் இந்தியா முழுக்கப் பெயர் தெரிந்தவராக இருந்தும் 1930இல் மைசூரில் பழைய செல்வம் எதுவும் இல்லாமல்தான் இறந்தார். ஸ்பாட்டிஃபையில் 2024 முதல் ஒரு பாட்டு ஓராண்டில் ஆயிரம் முறையாவது ஒலித்தால்தான் அதன் பதிவுக்கு ராயல்ட்டி சேரும். கோரஸ் பாடியவருக்கு இதிலிருந்து பங்கு வர, ஒப்பந்தமும் சங்கமும் சட்டமும் தனித்தனியே மாறவேண்டும். ஆனால் பெயர் இல்லாமல் அந்தப் பேச்சைத் தொடங்கவே முடியாது. யாருக்குப் பங்கு என்ற கேள்விக்கு முதலில் ஒரு 'யார்' வேண்டும்.

ஆகவே இந்தத் துறைக்கு வரப்போகும் மாணவிகளுக்குச் சொல்கிறேன். மாநாட்டில் கேள்வி நேரத்தில் ஒலிவாங்கி உங்களிடம் வந்தால் மதிய அமர்வுக்காகக் காத்திருக்காதீர்கள். காலை அமர்விலேயே எழுந்து கேளுங்கள்: உங்கள் பட்டியலில் எத்தனை பாடல்களுக்குக் கோரஸ் பெயர்கள் இருக்கின்றன? பழைய வவுச்சர்களும் குறுந்தகட்டு அட்டைகளும் யாரிடம் இருக்கின்றன? அவற்றைத் தட்டச்சு செய்ய இந்த ஆண்டு எவ்வளவு பணம் ஒதுக்கியிருக்கிறீர்கள்? புதிய பாடல்களுக்கு அந்தக் கட்டத்தை எப்போது கட்டாயமாக்கப் போகிறீர்கள்? ஊக்கமளிக்கும் கதையைப் பதிலாகச் சொல்ல முடியாத கேள்விகள் இவை. எண் சொல்லவேண்டும், அல்லது எண் இல்லை என்று ஒப்புக்கொள்ளவேண்டும்.