நட்டஈடும் நாட்சம்பளமும்: மலையகத்தார் சிறைவாசம் பற்றிய ஒரு நோக்கு

மலையகத் தோட்டத் தொழிலாளரின் வரலாற்றை ஆராய்ந்தோர் கங்காணி முறையையும் துண்டு முறையையும் லயத்து வாழ்வையும் விரிவாக எழுதியுள்ளனர். சிறைச்சாலையோ அவ்வாராய்ச்சிகளில் ஓர் ஓரத்திலேயே நிற்கின்றது. தோட்டத்துக்கும் சிறைக்குமிடையே சட்டமே நேரான பாதையொன்றை அமைத்துக் கொடுத்திருந்தது என்பதை நினைவிற் கொண்டால் இக்குறை வியப்பளிப்பதாகும். 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்கீழ், முன்னறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்குதலும் மேலாளர் கட்டளைக்கு வேண்டுமென்றே பணியாமையும் குற்றங்களாயின. அவற்றுக்குக் கூலியைப் பறிமுதல் செய்யலாம், அபராதம் விதிக்கலாம், மூன்று மாதம் வரை மறியலில் வைக்கலாம். பொதுவாக ஒப்பந்த மீறல் என்பது இரு தரப்பார்க்கிடையிலான குடியியல் வழக்கு. தோட்டத்திலே அது சிறைக்குரிய குற்றம்.

தண்டனை முடிந்து வெளியே வந்தவனுக்குக் கடன் முடிந்திருக்கவில்லை. கங்காணியின் கணக்கில் அது அப்படியே நின்றது. 'ஈடு' என்ற தமிழ்ச் சொல்லுக்கு நிகர் என்றும் அடகுப் பொருள் என்றும் இரு பொருளுண்டு. நட்டத்துக்கு நிகராகக் கொடுக்கப்படுவது நட்டஈடு. மலையகத்து உழைப்பாளி நெடுங்காலம் இரண்டாம் பொருளிலேயே ஈடாக இருந்தான். முதற் பொருள் அவனை எட்டவில்லை. சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1919இல் இலங்கைத் தொழிலாளர் சேமநலச் சங்கத்தை நிறுவி இத்தண்டனைப் பிரிவுகளுக்கெதிராகக் குரலெழுப்பினார். 1920களின் தொடக்கத்தில் அப்பிரிவுகள் நீக்கப்பட்டன. ஆயினும் அந்நீக்கம் எதிர்காலத்தை மட்டுமே நோக்கியதாகும். அதற்கு முன்னரே சிறையிற் கழிந்த நாட்களுக்கு அரசு பொறுப்பேற்றல் வேண்டும் என்னும் சிந்தனை அன்றைய சீர்திருத்தத்தில் இடம்பெறவில்லை.

இச்சிந்தனைக்கு இலங்கையிற் சட்டவடிவம் கிடைத்தது 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பிலேயே எனலாம். சித்திரவதையையும் கொடூரமான, மனிதத்தன்மையற்ற, இழிவான நடத்துகையையும் 11ஆம் உறுப்புரை தடுக்கின்றது. தான்றோன்றித்தனமான கைதை 13ஆம் உறுப்புரை தடுக்கின்றது. 126ஆம் உறுப்புரை, நியாயமும் ஒப்புரவுமான நிவாரணம் வழங்க உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் அளிக்கின்றது. இவ்விடத்தில் ஒரு நுணுக்கம் கவனிக்கற்பாலது. பேச்சு, ஒன்றுகூடல், தொழிற்சங்கம் போன்ற 14ஆம் உறுப்புரையின் சுதந்திரங்கள் பிரசைகளுக்கே உரியவை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட தோட்டத்து மக்களுக்கு, நிரந்தர வதிவை முன்னிட்டு, அவை பத்தாண்டுக் காலத்துக்கு மாத்திரமே இரவல் கொடுக்கப்பட்டன. ஆனால் 11ஆம், 13ஆம் உறுப்புரைகள் பிரசை என்ற சொல்லைக் கையாளவில்லை. எவரையும் அவை காக்கின்றன. எனவே வாக்குரிமையற்ற தொழிலாளிகூட, ஏட்டளவிலே, சிறைக்கொடுமைக்கு நிவாரணம் கேட்கும் தகுதியுடையவனாக இருந்தான். கேட்பதற்கான வழி இருந்ததா என்பதுதான் வினா.

நிவாரணத்தின் தன்மையை அறிய 1983ஆம் ஆண்டின் விவியன் குணவர்த்தன வழக்கை நோக்கலாம். கைது சட்டவிரோதமானது எனத் தீர்த்த உயர் நீதிமன்றம் 2,500 ரூபாவை அரசு செலுத்துமாறு பணித்தது. அரசு பணத்தைச் செலுத்தியது. சம்பந்தப்பட்ட பொலிஸ் உத்தியோகத்தருக்குப் பதவியுயர்வும் அளித்தது. தீர்ப்பளித்த நீதியரசர்களின் வீடுகளுக்கு முன்னே கூச்சற் கும்பல்கள் கூடின. நட்டஈடு என்பது அரசுக்குத் தண்டனையா, அன்றி அனுமதிக் கட்டணமா என்னும் ஐயத்தை இந்நிகழ்ச்சி அன்றே எழுப்பிவிட்டது. பிற்காலத்துத் தொகைகள் பெரியவை. ஆளடையாளம் பிழைத்துக் கைது செய்யப்பட்டுச் சித்திரவதைக்குள்ளான ஜெரால்ட் பெரேராவுக்கு 2003இல் எட்டு இலட்சம் ரூபாவும் மருத்துவச் செலவும் வழங்கப்பட்டன. மறுவருடம், தம்மை வதைத்தோருக்கு எதிரான வழக்கிலே சாட்சி கூறுமுன் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இத்தீர்ப்புக்களைக் கூர்ந்து நோக்கின் ஒரு பொதுப்பண்பு புலப்படும். அடித்த கை, கட்டிய கயிறு, கையொப்பமிட்ட அதிகாரி எனச் சுட்டத்தக்க ஒரு செயல் இருக்கும்போதே நட்டஈடு எளிதிற் கிடைக்கின்றது. செயலன்றி நிலையே கொடுமையாகும்போது, அதாவது முறைவைத்து உறங்க வேண்டிய நெரிசல், நிரம்பி வழியும் வாளி, காற்றற்ற கூடம், கிடைக்காத மருந்து ஆகியவற்றுக்கு, யாரைப் பிரதிவாதியாக்குவது என்பது தெளிவின்றிப் போகின்றது. இலங்கைச் சிறைகள் தம் கொள்ளளவைப் பெரிதும் விஞ்சிய தொகையினரைத் தாங்குகின்றன. உள்ளிருப்போருட் பாதிக்கு மேற்பட்டோர் தீர்ப்புப் பெறாத விளக்கமறியற் கைதிகள். 1877ஆம் ஆண்டின் சிறைச்சாலைகள் கட்டளைச் சட்டமே இன்றும் அடிப்படைச் சட்டம். 1876இல் எழுந்த கண்டிப் போகம்பறைச் சிறை 2014 வரை பயன்பட்டது. விளக்கமறியலோ நீதவானின் ஆணையால் நிகழ்வது. 126ஆம் உறுப்புரை ஆட்சித்துறைச் செயலையும் நிருவாகச் செயலையும் மாத்திரமே தொடுமாதலால், நீதிமன்ற ஆணையாற் கழிந்த மாதங்கள் பொதுவாக அதன் வரம்புக்கு அப்பாற்பட்டவை. நுவரெலியாவிலோ ஹட்டனிலோ பிணை வழங்கப்பட்டும், பிணையாளியைக் காட்ட இயலாமையால் மறியலிலே தங்குவோனுக்கு இதன் பொருள் கடுமையானது. அவன் உறவினரிடம் காணி உறுதி இல்லை. அவர்களின் முகவரி கம்பனியின் லயம்.

நிலையே கொடுமை என்பதை ஏற்ற தீர்ப்புக்கள் ஐரோப்பாவில் உள. ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 2013 சனவரியில் தொரேஜானி வழக்கிலே இத்தாலியைக் குற்றங் கண்டது. ஒன்பது சதுர மீற்றர் அறையில் மூவர் வைக்கப்பட்டிருந்தனர். ஒருவருக்கு மூன்று சதுர மீற்றருக்கும் குறைந்த இடம் மனிதத்தன்மையற்றது எனக் கொள்ளப்பட்டது. அடுத்த ஆண்டு இத்தாலி ஒரு சட்டம் இயற்றியது: அந்நிலையிற் கழித்த ஒவ்வொரு பத்து நாளுக்கும் தண்டனையில் ஒரு நாள் குறைவு, விடுதலையானோர்க்கு நாளொன்றுக்கு எட்டு யூரோ. ஹங்கேரியும் 2016இல் நாட்கணக்கான ஈட்டைச் சட்டமாக்கியது; ஆனால் 2020இல் அதன் அரசு இதனைச் 'சிறை வியாபாரம்' எனப் பழித்துக் கொடுப்பனவை இடைநிறுத்தியது.

இந்த மூன்று சதுர மீற்றரை மலையகத்துக்குக் கொண்டுவந்தால் ஒரு சங்கடம் தோன்றுகின்றது. தோட்டத்து லயக் காம்பிராவின் வழக்கமான அளவு பத்தடிக்குப் பன்னிரண்டடி. அஃது ஏறத்தாழ பதினொரு சதுர மீற்றர். நால்வர் வாழ்ந்தால் ஒருவருக்கு மூன்று மீற்றரும் தேறாது; ஐவரும் அறுவரும் வாழ்ந்த காம்பிராக்கள் எத்தனையோ. ஐரோப்பியக் கைதிக்கு மனிதத்தன்மையற்றதெனத் தீர்க்கப்பட்ட இடம், குற்றமேதும் செய்யாத கொழுந்து பறிப்பவளின் பிறந்த வீடாகும். கதவு பூட்டப்படாமையும் வெளியே மலை விரிந்து கிடப்பதும் பெரிய வேறுபாடுகளே, மறுப்பதற்கில்லை. எனினும் சிறை நட்டஈட்டுக் கோட்பாடு, வெளியிலுள்ள வாழ்வு சிறையினும் மேலானது என்ற எடுகோளின்மீது நிற்கின்றது. அந்த எடுகோள் இங்கே ஆட்டங் காண்கின்றது.

இதிலிருந்து இரு முடிவுகள் எடுக்கப்படலாம். ஒன்று, பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில வறியோர் சட்டத்தின் தருக்கம்: உள்ளிருப்போன் நிலை வெளியிலுள்ள கடையோன் நிலையினும் தாழ்ந்திருத்தல் வேண்டும் என்பது. அதன்படி லயத்திலிருந்து வந்தவன் சிறைநெரிசலைப் பற்றி முறையிட உரிமையற்றவன். இத்தருக்கத்தை எவரும் இன்று வெளிப்படையாகச் சொல்லார். ஆயினும் கைதிக்குப் பணமா என்று கேட்கும் குரல்களின் அடியில் இதுவே கிடக்கின்றது. மற்ற முடிவு, அளவுகோல் சிறைக்கு மட்டும் உரியதன்று என்பதாகும். மூன்று மீற்றர் அரசின் காவலிலே மனிதத்தன்மையற்றதாயின், அரசின் கண்முன்னே ஒன்றரை நூற்றாண்டு அவ்வாறு வாழவிட்டதற்கும் பெயர் சொல்லுதல் வேண்டும். ஏற்கத்தக்கது இரண்டாவதே. முதலாவது, ஓர் அநீதியை இன்னோர் அநீதிக்குச் சாட்சியாக நிறுத்துகின்றது.

தொகையைக் கணிக்கும் முறையிலும் இதே சிக்கல் உண்டு. இழந்த உழைப்பே அளவாகுமெனின் ஏழையின் நாள் மலிவாகிவிடும். தோட்டத்து நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவாகவும் 2024இல் அடிப்படை 1,350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டது. பேர் விழுந்தாற்றான் அதுவும். கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பேர். விளக்கமறியலிற் கழிந்த மாதத்தைச் செக்றோலைக் கொண்டு அளப்போமாயின், வேலை கொடுக்கப்படாத நாட்களைக் கழித்த ஓர் அற்பத் தொகையே எஞ்சும். இத்தாலியின் எட்டு யூரோ யாருக்கும் ஒன்றாகவே இருப்பதன் சிறப்பு இங்கேதான் விளங்குகின்றது. தொகை சிறிது, ஆனால் வழக்கறிஞனுக்கும் சுமைகூலிக்கும் ஒரே தொகை.

மலைநாட்டின் மண்ணிலேயே நிகழ்ந்த மிகக் கொடிய காவற்கொலை பிந்துனுவெவவிலே நடந்தது. 2000ஆம் ஆண்டு ஒக்டோபர் 25ஆம் நாள், பண்டாரவளைக்கு அருகிலிருந்த அரச புனர்வாழ்வு முகாமினுள் கும்பலொன்று புகுந்து, தடுத்து வைக்கப்பட்டிருந்த தமிழ் இளைஞர் இருபத்தைவருக்கு மேற்பட்டோரைக் கொன்றது. பொலிசார் அங்கேயே நின்றனர். 2003இல் ஐவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2005க்குள் அனைவரும் மேன்முறையீட்டில் விடுதலையாயினர். குற்றவாளி எவருமில்லை என்று ஆனபோது, காவல் பொறுப்பு அரசினுடையது என்னும் எளிய உண்மையும் உடன் மறைந்துபோயிற்று. உண்மையில் அரசின் பொறுப்பு கொலையாளியைக் கண்டுபிடிப்பதிலே தங்கியதன்று. பூட்டி வைத்தவன் காக்கக் கடமைப்பட்டவன். செய்யாமையும் உரிமை மீறலே என்பதை உயர் நீதிமன்றம் 2023 சனவரியில் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் வழக்கில் நிலைநாட்டி, முன்னாள் ஜனாதிபதி பத்துக் கோடி ரூபா செலுத்த வேண்டுமெனப் பணித்தது. அந்த நியாயம் சிறைக் கூடத்துக்குப் பொருந்தாதெனக் கூறக் காரணம் ஏதுமில்லை.

பொருத்துவதற்குத் தடையாய் நிற்பது பெரும்பாலும் நடைமுறையே. 126ஆம் உறுப்புரை மனுவை ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்தல் வேண்டும், அதுவும் கொழும்பிலே. மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு ஒரு மாதத்துள் முறையிட்டால், விசாரணை நிலுவையிலுள்ள காலம் கணக்கிற் சேராது என 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் சலுகை தருகின்றது. அந்தச் சலுகையைத் தமிழில் எழுதி, ஒவ்வொரு பொலிஸ் நிலையத்திலும் சிறை வாயிலிலும் பிரட்டுக் களத்திலும் ஒட்டுவதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.