ரசிகனா? பக்தனா?

1972ஆம் ஆண்டின் முதல் திங்களில் சிவகாசியிலிருந்து ஒரு சித்திரக்கதை ஏடு கிளம்பிற்று. முத்து காமிக்ஸ் என்பது ஏட்டின் பெயர். இரும்புக்கை மாயாவி என்பது முதல் இதழின் நாயகன் பெயர். ஆய்வுக்கூட விபத்தில் வலக்கையை இழந்தவன். எஃகுக் கை பொருத்திக்கொண்டவன். உடலில் மின்சாரம் பாய்ந்தால் உருவம் மறைந்து, அந்த எஃகுக் கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும். கதைக்கு இட்ட முதல் அவ்வளவே! எனினும், அதுவரை தமிழ்ச் சிறுவன் அறிந்திருந்த மறைதல்கள் எல்லாம் முனிவர் கொடுத்த வரத்தால், மந்திரவாதி பூசிய மையால், தேவர்கள் காட்டிய திருவிளையாடலால் நிகழ்ந்தவை. இங்கே வரம் இல்லை, மை இல்லை, மின்சாரம் இருக்கிறது. பொய்தான், மறுக்கவில்லை. ஆனால் காரணம் சொல்ல முயலும் பொய். அத்தகைய பொய்யைப் படித்து வளரும் பிள்ளை, காரணம் சொல்லாமல் வரும் எதையும் வாசலிலேயே நிறுத்தி ஒரு கேள்வி கேட்கக் கற்றுக்கொள்கிறான்.

அரூர்ப் பக்கத்துப் பள்ளியொன்றில் நான் பாடம் சொல்லும் ஒன்பதாம் வகுப்பில் அப்படிப்பட்ட பிள்ளை ஒருவன் இருக்கிறான். தந்தையார் சேர்த்து வைத்திருந்த மாயாவிக் கதையைப் படித்துவிட்டு வந்து, "சார், கரண்ட் பாய்ஞ்சா உடம்பு மறையுதுன்னா சட்டை எப்படி சார் மறையுது? சட்டையே மறையுதுன்னா இரும்புக் கை மட்டும் ஏன் மறையல?" என்று கேட்டான். கதாசிரியரை மடக்கிவிட்ட மகிழ்ச்சி அவன் முகத்தில்! மறுநாள் அடுத்த கதையையும் கொண்டுவந்து ஆவலோடு படித்தான் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். கேள்வி கேட்டதால் அவனுக்குச் சுவை குன்றவில்லை, கூடிற்று.

1972இல் அரைக்காற்சட்டையோடு அந்த ஏட்டைப் படித்தவர்கள் இன்று அறுபதைத் தொட்டவர்கள், தாண்டியவர்கள். பழைய புத்தகக் கடைகளிலே இதழ் இதழாய்த் தேடிச் சேர்த்தார்கள். கிழிந்த அட்டையை ஒட்டிக் காத்தார்கள். 1984இல் லயன் காமிக்ஸ் தோன்றியபோது அதையும் தழுவிக்கொண்டார்கள். ஈரோட்டில் புத்தகத் திருவிழா நடக்கும் ஆகஸ்டுத் திங்களில் இந்த ஏடுகளின் வாசகர்கள் ஊர் ஊராய்ப் புறப்பட்டு வந்து, ஆசிரியரோடு கூடிப் பேசுவது பல்லாண்டு நடந்த வழக்கம். ஈரோடு! கேள்வி கேட்க நாட்டுக்குக் கற்றுக்கொடுத்த ஊர். இந்த வாசகர்கள் கேட்பதென்ன? எந்தப் பழைய கதை மறுபதிப்பாகும், எந்த நாயகன் மீண்டும் வருவான், வண்ணத்தில் வருமா, தாள் நல்ல தாளாக இருக்குமா — பெரும்பாலும் இவையே. அவர்களுடைய அன்பு மாசற்றது, ஐயமில்லை. அன்பு மட்டும் போதுமா என்பதே என் ஐயம்.

தமிழ்நாட்டில் ரசிகன் என்ற சொல்லுக்கு நேர்ந்த கதி நாம் அறிந்ததுதான். கொட்டகை வாயிலில் நிற்கும் கட்டவுட்டுக்குப் பாலூற்றுகிறவனும் ரசிகன். பாட்டிலே சந்தம் தடுக்கும் இடத்தைக் கண்டு முகம் சுளிப்பவனும் ரசிகன். ஒரே சொல்லுக்குள் இரண்டு மனிதர்கள் குடியிருக்கிறார்கள். முன்னவனுக்கு உரிய பெயர் பக்தன். அதைச் சொல்லக் கூசுகிறோம், அவ்வளவே.

மாயாவியைப் பெற்றெடுத்தவர்கள் யாரென்று தேடினால் இந்த வேற்றுமை விளங்கும். 1962இல் இங்கிலாந்தின் வேலியண்ட் என்னும் கிழமை ஏட்டில் அவனை உலவவிட்டவர் கென்னத் புல்மர். வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. புல்மர் விஞ்ஞானக் கதை ரசிகர் கூட்டத்திலே வளர்ந்தவர். ரசிகர்களுக்காக ரசிகர்களே நடத்தும் சிற்றேடுகளில் உழைத்தவர். அட்லாண்டிக் கடலின் இருகரை ரசிகர்களும் சிறுகச் சிறுகச் சேர்த்த நிதியில், 1955இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் கூடிய உலக மாநாட்டுக்கு அனுப்பப்பட்டவர். லயன் காமிக்ஸ் வாசகர்கள் கொண்டாடும் ஸ்பைடர் கதைகளில் பலவற்றை எழுதிய ஜெர்ரி சீகலோ, அதே கிளீவ்லாந்தில் பள்ளி மாணவராயிருந்தபோதே, 1932இல், தாமே படியெடுத்து ஒரு விஞ்ஞானக் கதை ஏடு நடத்தியவர். அவருடைய சூப்பர்மேன் முதன்முதல் தலைகாட்டியது 1933இல் அந்தக் கைவேலை ஏட்டில்தான்! ஆக, சிவகாசி வழியாக நம் வீட்டுக்குள் வந்த இரு நாயகர்களும் ரசிகர்கள் பெற்ற பிள்ளைகள். கனியை இறக்குமதி செய்தோம், மரத்தை விட்டுவிட்டோம்.

அந்த மரம் முளைத்த விதம் எளியது. 1926 ஏப்ரலில் நியூயார்க்கில் ஹியூகோ ஜெர்ன்ஸ்பாக் என்பவர் அமேசிங் ஸ்டோரிஸ் என்ற திங்களேட்டைத் தொடங்கினார். வாசகர் கடிதங்களை வெளியிட்டபோது எழுதியவரின் முகவரியையும் சேர்த்து அச்சிட்டார். விளைவு? ஆசிரியருக்கு எழுதிய வாசகன், அடுத்த இதழில் கண்ட இன்னொரு வாசகனுக்கும் எழுதினான். "உம் கருத்துத் தவறு" என்று எழுதினான்! சண்டையிலே நட்புப் பிறந்தது; நட்பிலே சங்கம் பிறந்தது; 1930இல் ரேமண்டு பால்மர் என்ற இளைஞரை ஆசிரியராகக் கொண்டு முதல் ரசிகர் ஏடு பிறந்தது. 1939 சூலையில் நியூயார்க்கில் முதல் உலக மாநாடு. ஏறத்தாழ இருநூறு பேர். அந்தச் சிறு கூட்டத்திலும் ஆறு பேரை அரசியல் பகை காட்டி உள்ளே விடாமல் தடுத்தார்கள் என்பது வேறு கதை.

நமக்கு இது விளங்காத செய்தியன்று. படிப்பகத்தில் நாலு பேர் கூடி, கோடிட்ட தாளில் கையெழுத்துப் பத்திரிகை நடத்தி, ஒரே ஒரு படியை ஊரெல்லாம் சுற்றவிட்ட மரபு நம்முடையது. அங்கே எழுதிப் பழகியவர்கள் பின்னாளில் அச்சு ஏடுகளுக்கு ஆசிரியரானார்கள். அரசியலுக்கும் கவிதைக்கும் அவ்வளவு கையெழுத்து ஏடுகள் கண்ட தமிழ்நாட்டில், விஞ்ஞானக் கதை வாசகன் மட்டும் கடிதம் எழுதியதோடு கையைக் கட்டிக்கொண்டான். கல்கத்தாவில் அப்படி இருக்கவில்லை: 1963இல் ஆஷ்சர்ய என்ற விஞ்ஞானக் கதை ஏடு தோன்றிற்று, 1966இல் சத்யஜித் ராயைத் தலைவராகக் கொண்டு விஞ்ஞானத் திரைப்படக் கழகமே அமைந்தது. நமக்கு அண்டையிலுள்ள வேலூரில் 1998இல் இந்திய விஞ்ஞானப் புனைகதை ஆய்வுச் சங்கம் உருவானது. நல்ல முயற்சி, பெரிதும் ஆங்கிலத்தில், பேராசிரியர்களிடையே.

கேள்வி கேட்கும் ரசிகன் இருந்தால் ஆவதென்ன? ஒன்றைச் சொல்கிறேன். 1967இல் சாமுவேல் டிலேனி என்ற கறுப்பின எழுத்தாளர் தம் நாவலொன்றைத் தொடராக வெளியிட அனுப்பினார். புகழ் வாய்ந்த ஆசிரியர் ஜான் கேம்பெல் மறுத்தார். கறுப்பின நாயகனை வாசகர்கள் ஏற்கமாட்டார்கள் என்பது காரணம்! தீண்டாமையைத் தாம் விரும்புவதாக எவனும் சொல்வதில்லை, தோழர்களே. ஊர் ஏற்காது, உறவு ஏற்காது, வாசகர் ஏற்கார் என்றுதான் சொல்வான். அந்த வாசகர்கள் என்ன செய்தார்கள்? 1953 முதல் ரசிகர்களின் வாக்கால் வழங்கப்படும் ஹியூகோ பரிசை 2016, 2017, 2018 என மூன்றாண்டு தொடர்ந்து என். கே. ஜெமிசின் என்ற கறுப்பினப் பெண்ணுக்கு அளித்தார்கள். இடையில் எதிர்ப்புக் கூட்டங்களும் இருந்தன. வாக்குப் பெட்டியில் தோற்றன. பெண்ணைப் பற்றிய பேச்சு வந்ததால் ஒரு சொல்: ஆண்கள் வீட்டுக்குள் அடைபட, பெண்கள் வெயிலின் வெப்பத்தைப் பிடித்து நாட்டைக் காக்கும் கதையை பேகம் ரொக்கையா 1905இல் எழுதினார். வங்கத்துப் பெண்மணியின் அந்தக் கதையை முதலில் வெளியிட்டது சென்னையில் நடந்த இந்தியன் லேடீஸ் மேகசின். நம் ஊர் அச்சில் ஏறிய கதை, நம் ரசிகர் எத்தனை பேருக்குத் தெரியும்?

இனி சுஜாதாவுக்கு வருவோம். 1980களில் ஆனந்த விகடனில் வந்த "என் இனிய இயந்திரா" தமிழில் விஞ்ஞானக் கதைக்குப் பெருங்கூட்டத்தைத் திரட்டிய படைப்பு. ஜீனோ என்ற இயந்திர நாயை நினைத்து இன்றும் உருகாத வாசகர் இல்லை. நூலின் நெஞ்சு அந்த நாயில் இல்லை என்பது என் துணிபு. ஒரு நாடே ஜீவா என்ற தலைவனை வாழ்த்துகிறது, அஞ்சுகிறது, அவன் சொல்லுக்குப் பணிகிறது. கடைசியில் பார்த்தால் ஜீவா மனிதனே அல்லன், ஒளியால் ஆக்கிய வெற்று உருவம்! சிலைக்கும் திரைக்கும் பழகிப்போன நாட்டில் இதைவிடக் கூர்மையான அம்பு எய்யமுடியுமா? எய்தார், நாமோ அம்பை விட்டுவிட்டு நாயைக் கொஞ்சினோம். குற்றத்தில் ஆசிரியருக்கும் பங்குண்டு. நகைச்சுவை உதவியபோதெல்லாம் அதிலே சாய்ந்துகொண்டு, வெற்றுருவை வணங்கும் மக்களின் மனத்துக்குள் புகாமலே கடந்துபோனார்.

நம் பக்கத்துக் குற்றத்தையும் மறைக்கலாகாது. பெரியாரின் "இனிவரும் உலகம்" 1940களில் வந்தது. கம்பியில்லாத் தந்திக் கருவி ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கும், உருவத்தைத் தந்தியில் அனுப்பும் சாதனம் பெருகும், ஆண்பெண் சேர்க்கையின்றியும் பிள்ளைப்பேறு நிகழலாம் என்றெல்லாம் அதிலே ஊகித்தார். 1978இல் இங்கிலாந்தில் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது, கைப்பேசி வந்தது, உடனே, "அன்றே சொன்னார் தீர்க்கதரிசி" என்று பதாகை கட்டினோம். தீர்க்கதரிசி! எந்தப் பட்டத்தை அவர் வாழ்நாளெல்லாம் பிறர் தலையிலிருந்து கழற்றினாரோ, அதையே அவர் தலையில் சூட்டினோம். மனிதன் இதுவரை செய்ததைப் பார்த்து, இனிச் செய்யக்கூடியதைக் கணக்கிட்டவர் அவர். ஒவ்வொருவர் தொப்பியிலும் ரேடியோ அமையும் என்றும் எழுதினார். தொப்பி ரேடியோ வரவில்லை. அதனால் அவர் சிறுத்தா போனார்? ஊகம் பிழைக்கும் உரிமையுடையது. அருள்வாக்குக்குத்தான் அந்த உரிமை இல்லை.

இந்த எல்லைக்கோடு எவ்வளவு மெல்லியது என்பதற்கு, முன்னே சொன்ன அமேசிங் ஸ்டோரிஸ் ஏட்டிலேயே சான்று உண்டு. 1945 மார்ச்சு இதழில், பென்சில்வேனியாவைச் சேர்ந்த ரிச்சர்டு ஷேவர் என்ற பற்றவைப்புத் தொழிலாளி பெயரில் ஒரு கதை வந்தது. தலைப்பு, லெமூரியா எனக்கு நினைவிருக்கிறது என்ற பொருளுடையது. பண்டை லெமூரியாவின் வழிவந்த கொடியோர் பூமிக்கடியில் குகைகளில் இருந்துகொண்டு, கதிர்களை ஏவி மக்களை வதைக்கிறார்களாம். கதையென்று வந்திருந்தால் கதைக்குரிய மதிப்போடு போயிருக்கும். "இது உண்மை" என்று அச்சிட்டார் ஆசிரியர். யார் அந்த ஆசிரியர்? முதல் ரசிகர் ஏட்டை நடத்திய அதே ரேமண்டு பால்மர்! தங்களுக்கும் குரல்கள் கேட்பதாகக் கடிதங்கள் குவிந்தன, ஏடு விற்றது. எதிர்த்து எழுந்தவர்கள் யார்? பாதிரிகள் அல்லர், பல்கலைக்கழகம் அன்று, ரசிகர்கள்! படிப்போர் மனநலத்துக்கே கேடு என்று நியூயார்க் குயின்ஸ் பகுதி ரசிகர் சங்கம் தீர்மானம் இயற்றிற்று. 1948இல் அந்தத் தொடர் நின்றது. அடுத்த ஆண்டு பால்மர் ஏட்டை விட்டு விலகினார். செவ்வாய்க்கோளில் போர் நடக்கும் கதையை விரும்பிப் படித்தவர்கள்தாம், கதையை மெய்யென்று விற்றவுடன் சீறினார்கள். இவர்களையே நான் ரசிகர் என்கிறேன்.

நம் நாட்டில் அந்தச் சீற்றம் எங்கே? ஒசூருக்கு அண்மையிலுள்ள ஆனேக்கல்லில் வாழ்ந்த சுப்பராய சாஸ்திரி, பரத்துவாச முனிவரின் விமான நூல் என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுலோகங்களைச் சொல்லி எழுதுவித்தார். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்து அறிஞர்கள் ஐவர் 1974இல் அதை ஆராய்ந்து, நூல் பழமையானதன்று, சொல்லப்பட்ட விமானங்கள் பறக்கமாட்டா என்று காட்டினர். நாற்பது ஆண்டுகளுக்குப் பின், 2015 சனவரியில், மும்பையில் கூடிய இந்திய அறிவியல் மாநாட்டிலே பழங்கால விமானக் கட்டுரை படிக்கப்பட்டது! வடக்கே நடந்த இதைக் கண்டு நாம் நகைத்தோம். சரி. லெமூரியா என்றவுடன் ஏன் நகைப்பு நின்றுவிடுகிறது?

லெமூரியா 1864இல் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியல் அறிஞர் ஆக்கிய சொல். லெமூர் என்னும் விலங்கினம் மடகாஸ்கரிலும் அதன் உறவு இந்தியாவிலும் தென்படவே, நடுவே நிலம் இருந்திருக்கும் என ஊகித்தார். கண்டங்களே நகர்ந்தன என்பது 1960களில் நிலைபெற்றதும் அந்த ஊகத்துக்கு வேலை போயிற்று. இதற்கிடையே 1888இல் பிரம்மஞான சபையின் பிளாவட்ஸ்கி அம்மையார் அங்கே ஓர் ஆதி மனித இனத்தைக் குடியேற்றினார். நாம் அந்தக் கண்டத்தை எடுத்து, இறையனார் களவியல் உரை கூறும் கடல்கோளோடு ஒட்டிக் குமரிக்கண்டம் ஆக்கினோம். 1981 மதுரை உலகத் தமிழ் மாநாட்டில் அரசின் செலவில் எடுத்த படமும் காட்டினோம். கடலோர ஊர்கள் கடலுக்கு இரையாவது உண்மை. தனுஷ்கோடி 1964இல் போனதை நாடே கண்டது. ஊர் போனதும் கண்டம் போனதும் ஒன்றா? குமரிக்கண்டத்தை வைத்து அருமையான நாவல் எழுதலாம். நானே முதல் ஆளாய் வாங்குவேன். வரலாற்றுப் பாடமாக அதை வகுப்பறைக்குள் கொண்டுவந்தால், முனிவர் விமானத்தைத் தடுக்கும் வாய் நமக்கு இல்லாமற் போகும்.

தமிழின் பழமைக்கு முழுகிய கண்டம் தேவையில்லை. கீழடி மண்ணிலிருந்து கி.மு. ஆறாம் நூற்றாண்டுவரை செல்லும் காலக் கணிப்பை 2019இல் மாநிலத் தொல்லியல் துறை வெளியிட்டது. நம் தருமபுரி மாவட்டத்தில் நடுகற்கள் நிற்கின்றன: மன்னன் பெயர், ஆட்சியாண்டு, ஊர், கவர்ந்து சென்ற ஆநிரையை மீட்கப் போய் விழுந்தவன் பெயர், வட்டெழுத்தில் சில வரிகள். அரூரிலிருந்து மிதிவண்டியில் போய்ப் பார்த்துவரக்கூடிய தொலைவில் அவை இருக்கின்றன.